மெயில் நின்ற நாளில் ஆபீஸ் நிற்காமல் இருக்க

ஆபீஸ் மெயிலுக்கும் ஃபைல்களுக்கும் கூகுள் ஒர்க்ஸ்பேஸா, மைக்ரோசாஃப்ட் 365-ஆ, சோஹோவா என்று கேட்டு வரும் சிறு நிறுவனங்கள் பல, கடைசியில் வந்து நிற்பது ஒரே கேள்வியில்தான்: எது டவுன் ஆகாது? எல்லாமே ஆகும். 2020 டிசம்பர் 14 அன்று இந்திய நேரம் மாலை ஐந்தேகாலுக்கு ஜிமெயிலும் டிரைவும் கூகுள் மீட் வீடியோ அழைப்பும் சுமார் முக்கால் மணி நேரம் படுத்துவிட்டன. அதே ஆண்டு செப்டம்பர் 28 அன்று மைக்ரோசாஃப்டின் லாகின் அமைப்பு நின்றது. 2023 ஜனவரி 25 அன்று ஒரு ரவுட்டரின் ஐபி முகவரியை மாற்றக் கொடுத்த கட்டளை மைக்ரோசாஃப்டின் உலக நெட்வொர்க்கையே குழப்பியது. நமக்கு அது மதிய வேளை. டீம்ஸும் அவுட்லுக்கும் போயின. ஒருவர் விழும்போது மற்றவர் கடை விரிப்பதும் வழக்கம்தான். மைக்ரோசாஃப்ட் 365 வைத்திருப்பவர்களுக்கென்றே அவசரகால மாற்றுத் திட்டம் ஒன்றைக் கூகுள் விற்கிறது.

மாதத்தில் 99.9 சதவீத நேரம் சேவை ஓடும் என்று ஒப்பந்தத்தில் இருப்பதைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். 30 நாள் மாதத்தில் 43 நிமிடம் நின்றாலும் வாக்குறுதி மீறப்படவில்லை. மீறினாலும் கிடைப்பது சில்லறை: மைக்ரோசாஃப்டில் அந்த மாதக் கட்டணத்தில் 25 சதவீதத்தில் தொடங்கும் கழிவு, கூகுளில் 3 நாள் கூடுதல் சேவை. அதையும் நீங்களே கெடுவுக்குள் எழுதிக் கேட்க வேண்டும். 20-ஆம் தேதி மாலை ஜிஎஸ்டிஆர்-3பி (ஜிஎஸ்டி கணக்கு) தாக்கல் செய்ய முடியாமல் போன நஷ்டத்தை இதில் ஈடுகட்ட முடியாது. அதனால் நிறுவனத்தை மாற்றுவதில் செலவழிக்கும் நேரத்தை, அந்த நிறுவனத்தின் கைக்கு வெளியே சிலவற்றை வைத்துக்கொள்வதில் செலவழியுங்கள்.

முதலில் டொமைன்

2018 செப்டம்பரில் சென்னையைச் சேர்ந்த சோஹோவின் முக்கிய டொமைனையே (இணையப் பெயரையே), ஃபிஷிங் எனும் போலி மெயில் மோசடிப் புகார்களைக் காரணம் காட்டி அதன் பதிவாளர், அதாவது அந்தப் பெயரைப் பதிந்து தரும் நிறுவனம், முடக்கிவிட்டது. சர்வர்கள் எல்லாம் நன்றாக ஓடிக்கொண்டிருந்தன. பெயர் மட்டும் இல்லை, அதனால் வாடிக்கையாளர் உள்ளே வர வழியில்லை. அவ்வளவு பெரிய நிறுவனத்துக்கே அந்தக் கதி.

டொமைன் பதிவை மெயில் நிறுவனத்திடம் வைக்காதீர்கள். பதிவாளர் கணக்கின் தொடர்பு மெயில் அதே டொமைனில் இருந்தால், பிரச்சினை வரும் நாளில் ஓடிபி வரவேண்டிய பெட்டியே திறக்காது. வேறொரு சேவையில் உள்ள முகவரியைக் கொடுங்கள். வெப்சைட் செய்து கொடுத்தவரின் பெயரில் டொமைன் இருந்தால் இன்றே உங்கள் பெயருக்கு மாற்றுங்கள். உங்கள் மெயில் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்வது டொமைனின் எம்எக்ஸ் பதிவு; அதை மற்ற சர்வர்கள் எவ்வளவு நேரம் நினைவில் வைக்கும் என்பது டிடிஎல். அந்த டிடிஎல்லை 3600 விநாடியில் வையுங்கள். 86400-இல் விட்டுவிட்டு, மெயில் நின்ற பிறகு குறைப்பதில் பயனில்லை. பழைய விவரத்தை மற்ற சர்வர்கள் ஒரு நாள் வரை பிடித்து வைத்திருக்கும்.

அட்மினுக்கு இன்னொரு சாவி

பெரிய தடங்கல்கள் பலவற்றில் செத்தது மெயில் சர்வர் அல்ல, லாகின். 2020 டிசம்பரில் கூகுளில் நடந்ததும் அதுதான்: பயனர் அடையாளத்தைக் கவனிக்கும் சேவை எவ்வளவு இடம் பயன்படுத்துகிறது என்பதை, இட ஒதுக்கீட்டைப் பார்க்கும் கோட்டா அமைப்பு பூஜ்யம் என்று தப்பாகப் படித்து, அதற்கான ஒதுக்கீட்டைக் குறைத்துவிட்டது. லாகின் தேவைப்படாத கூகுள் தேடல் அப்போதும் ஓடியது.

இதில் மறைந்திருக்கும் கண்ணி: பில்லிங், சிஆர்எம் (வாடிக்கையாளர் விவர மென்பொருள்), கூரியர் பதிவு என எல்லாவற்றிலும் 'கூகுள் மூலம் உள்நுழை' பொத்தானைத்தான் அழுத்தி வந்திருப்பீர்கள். கூகுள் விழுந்தால் அவையும் பூட்டிக்கொள்ளும். ஒவ்வொன்றிலும் ஒரு அட்மினுக்காவது தனி பாஸ்வேர்டும் தனி இரண்டடுக்குப் பாதுகாப்பும் போடுங்கள்.

மெயில் தளத்திலும் அன்றாட வேலைக்குப் பயன்படுத்தாத இரண்டு அவசர அட்மின் கணக்குகள் வேண்டும். மைக்ரோசாஃப்டில் அவை உங்கள் டொமைனில் இல்லாமல், அந்த நிறுவனம் தரும் ஆன்மைக்ரோசாஃப்ட் (onmicrosoft.com) முகவரியில் இருக்கட்டும். இரண்டுக்கும் தனித்தனி யுஎஸ்பி செக்யூரிட்டி கீ (லாகினுக்குச் செருகும் சிறு சாவி): ஒன்று ஆபீஸ் பீரோவில், மற்றது முதலாளி வீட்டில். மூன்று மாதத்துக்கு ஒருமுறை திறந்து பாருங்கள். கீ பீரோவில் இருக்கும், பீரோச் சாவி லீவில் போனவரிடம் இருக்கும். அது சோதித்தால்தான் தெரியும்.

லேப்டாப்பில் இருப்பதாகத் தெரியும் ஃபைல்

ஒன்டிரைவ் ஃபோல்டரில் ஃபைலுக்குப் பக்கத்தில் நீல மேகம் தெரிந்தால் அந்த ஃபைல் உங்கள் மெஷினில் இல்லை. பெயர் மட்டும்தான் இருக்கிறது. நடப்பு ஆண்டுக் கணக்கு, விலைப்பட்டியல், ஆர்டர் ஃபோல்டர்களில் ரைட் கிளிக் செய்து 'எப்போதும் இந்தச் சாதனத்தில் வை' என்பதைத் தேர்ந்தெடுங்கள். நிரம்பிய பச்சை வட்டத்தில் வெள்ளை டிக் வரும். கூகுள் டிரைவ் டெஸ்க்டாப்பில் 'ஸ்ட்ரீம்' என்பதை 'மிரர்' ஆக்கினால் அதே பலன். ஆனால் கூகுள் டாக்ஸ், ஷீட்ஸ் ஃபைல்களுக்கு இது பொருந்தாது. டிரைவ் ஃபோல்டரில் அவை சில கேபி அளவில் கிடப்பதைப் பார்த்திருப்பீர்கள். அது வெறும் விலாசச் சீட்டு. அந்த ஃபோல்டரை அப்படியே ஹார்டு டிஸ்கில் காப்பி எடுத்து, பேக்கப் ஆயிற்று என்று நம்புகிறவர்கள் ஏராளம். டாக்ஸை வேர்டு வடிவிலும் ஷீட்ஸை எக்செல் வடிவிலும் இறக்கினால்தான் உள்ளடக்கம் கைக்கு வரும். வேறு ஷீட்டிலிருந்து தரவை இழுக்கும் ஃபார்முலாவும், ஷீட்ஸில் எழுதிய தானியங்கி நிரலான ஆப்ஸ் ஸ்கிரிப்டும் எக்செல்லில் ஓடாது என்பதையும் கணக்கில் கொள்ளுங்கள்.

டாக்ஸ் ஆஃப்லைன், ஜிமெயில் ஆஃப்லைன் இரண்டையும் முன்கூட்டியே இயக்கி வைக்க வேண்டும். ஜிமெயிலில் 7, 30, 90 நாள் என்று தேர்வு இருக்கும், 30 போதும். மைக்ரோசாஃப்டில் பிசினஸ் பேசிக் திட்டத்தில் மெஷினில் நிறுவும் வேர்டும் எக்செல்லும் கிடையாது. எல்லாருக்கும் பேசிக் வாங்கிய ஆபீசில், கணக்குப் பிரிவுக்காவது ஸ்டாண்டர்டு வாங்குங்கள்.

பேக்கப்

சிங்க் வேறு, பேக்கப் வேறு. ஒருவர் அழித்தால் சிங்க் அதை எல்லா மெஷினிலும் கச்சிதமாக அழித்துவிடும். கூகுள் டிரைவில் டிராஷ் 30 நாளில் தானாகக் காலியாகும். அதன்பின் அட்மினுக்கு 25 நாள் அவகாசம். வேலையை விட்டுப் போனவரின் கணக்கை நீக்கிவிட்டால் 20 நாளுக்குள் மீட்க வேண்டும். மைக்ரோசாஃப்டில் 30 நாள். ஆடிட்டர் கேட்பது பெரும்பாலும் அதற்கெல்லாம் பிறகுதான்.

பத்து இருபது பேர் உள்ள ஆபீசுக்கு, வேறொரு நிறுவனத்தின் தானியங்கி கிளவுட் பேக்கப் ஒன்றும், மூன்று மாதத்துக்கு ஒருமுறை ஹார்டு டிஸ்கில் ஒரு நகலும் போதும். கூகுளில் அட்மின் பக்கத்திலுள்ள தரவு ஏற்றுமதி, மொத்த நிறுவனத்தையும் இறக்கித் தரும். அதைச் செய்யும் அட்மின் கணக்கு குறைந்தது 30 நாள் பழையதாக இருக்க வேண்டும். வேலை முடிய மூன்று நாளோ அதற்கு மேலோ ஆகலாம். அவசரத்தில் உதவாது என்பதால்தான் முன்பே எடுக்கச் சொல்கிறோம்.

டவுன் ஆன நாளில்

முதலில் போன் ஹாட்ஸ்பாட்டில் முயலுங்கள். அதிலும் வரவில்லை என்றால் கோளாறு உங்கள் இணைப்பில் இல்லை. நிறுவனத்தின் ஸ்டேட்டஸ் பக்கம் பச்சையாகவே இருக்கலாம். அது சற்றுத் தாமதமாகத்தான் சிவக்கும்.

யாரும் லாக் அவுட் செய்யக் கூடாது. இதை எல்லாருக்கும் உடனே சொல்லுங்கள். லாகின் சேவை படுத்தாலும் ஏற்கெனவே உள்ளே இருப்பவர்களுக்குச் சில நேரம் வேலை ஓடும். வெளியே வந்தவர் திரும்ப நுழைய முடியாது. பாஸ்வேர்டை மாற்றுவது, அவுட்லுக் புரொஃபைலை அழிப்பது, ஆபீசை ரீஇன்ஸ்டால் செய்வது, இவை மூன்றும் அரை மணித் தடங்கலை அரை நாளாக்கும்.

எம்எக்ஸை அவசரப்பட்டு வேறு சேவைக்குத் திருப்பாதீர்கள். உங்கள் சர்வர் பதில் சொல்லாவிட்டால் அனுப்பும் சர்வர் மெயிலை வரிசையில் வைத்துத் திரும்பத் திரும்ப முயலும்; நான்கைந்து நாள் பொறுப்பது வழக்கம். திருப்பினால் பாதி மெயில் இங்கே, பாதி அங்கே. தடங்கல் ஒரு நாளைத் தாண்டினாலோ, கணக்கே முடக்கப்பட்டாலோ யோசிக்கலாம்.

அவசரமாக வெளியே அனுப்ப, வேறொரு நிறுவனத்தில் உங்கள் டொமைனின் சப்டொமைனில் (பெயருக்கு முன்னால் ஒரு சொல் சேர்த்த துணைப் பெயரில்) இரண்டு மூன்று பெட்டிகளை முன்பே திறந்து வையுங்கள். மெயில் உண்மையில் உங்களிடமிருந்துதான் வருகிறது என்று காட்டும் எஸ்பிஎஃப், டிகிம் பதிவுகள் இரண்டையும் அந்த சப்டொமைனுக்கே தனியாகப் போட வேண்டும். தாய் டொமைனின் எஸ்பிஎஃப் அதற்குத் தானாக வராது. முக்கிய வாடிக்கையாளர்களிடம் அந்த முகவரியை இப்போதே சொல்லிவிடுங்கள். தடங்கல் நாளில் புது முகவரியிலிருந்து இன்வாய்ஸ் போனால் மோசடி என்றுதான் நினைப்பார்கள், நினைக்கவும் வேண்டும்.

தடங்கல் முடிந்ததும் ஒரு வேலை பாக்கி. 2020 டிசம்பர் 15 அன்று, முதல் நாள் தடங்கலுக்கு அடுத்த நாள், இருக்கும் ஜிமெயில் முகவரிகளுக்கே 'அப்படி ஒரு கணக்கு இல்லை' என்ற 550 பிழை போனது. 550 என்றால் அனுப்பும் சர்வர் மறுபடி முயலாது. மெயிலைத் திருப்பிவிடும், சில சேவைகள் அந்த முகவரியைப் பட்டியலிலிருந்தே தூக்கிவிடும். ஆகவே வங்கி அறிவிப்பு, டெண்டர் தளம், கூரியர் தகவல் ஆகியவை அடுத்த இரண்டு நாளில் வழக்கம்போல் வருகின்றனவா என்று பாருங்கள். வராதவற்றில் உங்கள் முகவரியைத் திரும்பப் பதியுங்கள்.