‘தைராய்டு உண்டு’ என்றால் எந்தத் தைராய்டு?

எங்கள் தக்கலைப் பக்கம் கல்யாண வீட்டுப் பந்தியில் நாலு பெண்கள் சேர்ந்து உட்கார்ந்தால் ஒருவராவது “எனக்குத் தைராய்டு உண்டு” என்பார். பக்கத்து இலைக்காரர் “எனக்கும் உண்டு, காலையில வெறும் வயித்துல ஒரு மாத்திரை” என்பார். அதற்குள் புளிசேரி வந்துவிடும், பேச்சு அங்கே போய்விடும். எந்தத் தைராய்டு என்று யாரும் கேட்பதில்லை. கழுத்தில் இருக்கும் அந்தச் சுரப்பியின் சுரப்பு குறைந்தாலும் தைராய்டு, கூடினாலும் தைராய்டு. ஊர்ப் பேச்சில் இரண்டுக்கும் ஒரே பெயர். ஆனால் குறைந்தவருக்குக் கொடுக்கும் மாத்திரையைக் கூடினவர் விழுங்கினால், எரிகிற அடுப்பில் இன்னும் நாலு விறகைத் தள்ளின கதைதான். நான் கூடின வகை. இங்கே சொல்லப்போகும் தவறுகளில் பாதி நானே செய்தவை. மீதி, ரத்தம் கொடுக்க வரிசையில் நின்றபோது கேட்டவை.

முதல் தவறு, மெலிவதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டது. ஆறு மாதத்தில் ஒன்பது கிலோ குறைந்தேன். சாப்பாடு குறையவில்லை. மூன்று வேளைச் சோறும் போதாமல் சாயங்காலம் மரச்சீனியும் மீன்கறியும் தனியாக ஓடிக்கொண்டிருந்த காலம் அது. பக்கத்து வீட்டு மாமி மட்டும்தான் “என்ன மக்ளே, இப்பிடி எளைச்சுப் போன, சுகரு உண்டா?” என்று கேட்டார். சர்க்கரை பார்த்தோம், சரியாக இருந்தது. அதோடு விட்டுவிட்டேன். நன்றாகச் சாப்பிட்டும் எடை இறங்கினால் சர்க்கரையோடு தைராய்டையும் பார்க்க வேண்டும் என்று அப்போது தெரியாது.

அதன்பின் வந்த ஒவ்வொன்றுக்கும் நான் தனித்தனியாக ஒரு காரணம் வைத்திருந்தேன். மார்கழி இரவிலும் மின்விசிறியை முழு வேகத்தில் வைத்தேன்; உடம்புச் சூடு என்று இளநீரும் எண்ணெய்க் குளியலும். நெஞ்சு படபடத்தது; கவலையாம். இரண்டு மூன்று முறை வயிற்றுக்குப் போனது, சாப்பாடு சேரவில்லையாம். மாதவிலக்கு குறைந்தது, வயசாகிறதாம். தேங்காய் துருவிவிட்டுத் தரையிலிருந்து எழும்பக் கதவு நிலையைப் பிடிக்க வேண்டியிருந்தது. அதற்கு மட்டும் காரணம் கிடைக்கவில்லை. தொடைத் தசை பலமிழப்பதும் இந்த நோயின் வேலைதான். ஒவ்வொன்றையும் தனியாகப் பார்த்தால் எல்லாம் சின்ன விஷயம். சேர்த்து ஒரே ஆளிடம் சொல்ல வேண்டும், அதைத்தான் நான் செய்யவில்லை.

கடைசியில் ஒரு மருத்துவர் இரண்டு கையையும் நீட்டச் சொன்னார். மின்விசிறியை நிறுத்திவிட்டு, விரல்களின் மேல் ஒரு வெள்ளைத்தாளை விரித்து வைத்தார். அறையில் காற்றே இல்லை. தாளின் ஓரம் மட்டும் படபடவென்று அடித்துக்கொண்டிருந்தது. அவர் கழுத்தைத் தொடுவதற்கு முன்பே எனக்கு விஷயம் புரிந்துவிட்டது.

வயதானவர்களிடம் இவ்வளவு ஆர்ப்பாட்டம் இருக்காது. நடுக்கம், வியர்வை ஒன்றும் இல்லாமல் சோர்ந்து, மெலிந்து, ஒரு மூலையில் உட்கார்ந்துவிடுவார்கள். நாடி மட்டும் தாளம் தப்பித் துடிக்கும். அப்படித் தாளம் தப்பிய இதயத்தில் ரத்தம் உறைந்து, மூளைக்குப் போனால் பக்கவாதம். பாட்டிக்கு வயசு, அதுதான் தளர்ச்சி என்று விடுவது இந்த வரிசையில் பெரிய தவறு.

அடுத்தது, பரிசோதனைத் தாளை நாமே வாசிப்பது. என் தாளில் டி.எஸ்.எச். 0.01 என்று இருந்தது. சாதாரணமாக ஏறக்குறைய 0.4 முதல் 4 வரை இருக்க வேண்டியது. “குறைவாத்தானே இருக்கு” என்று நாங்களே முடிவுகட்டி, சுரப்பு குறைந்தவர்களுக்குக் கொடுக்கும் தைராக்சின் மாத்திரை சித்தி வீட்டில் மிச்சமிருந்ததை ஒரு வாரம் விழுங்கினேன். நெஞ்சு தொண்டைக்கு வந்துவிட்டது.

டி.எஸ்.எச். என்பது தைராய்டு சுரக்கும் நீர் அல்ல. மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி தைராய்டுக்கு அனுப்பும் உத்தரவு அது. வயலில் தண்ணீர் நிறைந்து நிற்கும்போது பேச்சிப்பாறைக் கால்வாயைத் திறந்துவிடச் சொல்லி யாராவது மனு கொடுப்பார்களா? டி.எஸ்.எச். அந்த மனுதான். தண்ணீர் கூடினால் மனு நின்றுபோகும். ஆகவே டி.எஸ்.எச். மிகக் குறைந்தால், பெரும்பாலும் தைராய்டு அளவுக்கு மேல் சுரக்கிறது என்று பொருள். தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்பதை, தைராய்டு சுரக்கும் நீர்களையே அளக்கும் ஃப்ரீ டி4, டி3 பரிசோதனைகள்தான் காட்டும். டி.எஸ்.எச். மட்டும் பார்த்துவிட்டு மருந்து தொடங்கவோ நிறுத்தவோ கூடாது. சிகிச்சை தொடங்கி டி4 சரியான பிறகும் டி.எஸ்.எச். சில மாதங்கள் எழும்பாமலே கிடக்கும். அதைப் பார்த்துப் பயந்து மாத்திரையைக் கூட்டிக்கொள்வதும் நடக்கிறது.

இன்னொரு பொல்லாத விஷயம் முடி மாத்திரை. தைராய்டு கூடினால் முடி கொட்டும். முடி கொட்டினால் நாம் பயோட்டின் வாங்குவோம். பயோட்டின் சில ஆய்வகக் கருவிகளை ஏமாற்றி, டி.எஸ்.எச்.சைக் குறைத்தும் டி4-ஐக் கூட்டியும் காட்டிவிடும். நோயே இல்லாதவருக்கும் தாளில் நோய் இருக்கும்! ரத்தம் கொடுக்க இரண்டு நாளாவது முன்பே அதை நிறுத்த வேண்டும், சாப்பிடுவதை மருத்துவரிடம் சொல்லவும் வேண்டும்.

சரி, சுரப்பு கூடியது உறுதி. ஏன் கூடியது என்று கேட்காமல் மாத்திரையைத் தொடங்குவது அடுத்த பிழை. உடம்பின் எதிர்ப்புச் சக்தியே தைராய்டைத் தூண்டிவிடும் கிரேவ்ஸ் நோய்தான் அதிகம் காணப்படுவது. அயர்லாந்து மருத்துவர் ராபர்ட் கிரேவ்ஸ் 1835இல் விவரித்தது. கழுத்துக் கழலையில் உள்ள கட்டி தானாகச் சுரப்பது வேறு. பிரசவமாகி ஒரு வருடத்துக்குள்ளோ வைரஸ் காய்ச்சலுக்குப் பிறகோ தைராய்டு வீங்கி, சேர்த்து வைத்திருந்த நீரைக் கசியவிடுவது இன்னும் வேறு. இந்தக் கசிவு வகை பெரும்பாலும் தானே அடங்கும். புதிதாகச் சுரப்பதை நிறுத்தும் கார்பிமசோல் அதற்குப் பயன்படாது. எந்த வகை என்று தெரிய, கிரேவ்சுக்கான எதிர்ப்பொருள் பரிசோதனையோ ஸ்கேனோ தேவைப்படும். கேட்கத் தயங்க வேண்டாம்.

மாத்திரையில் வரும் தவறுகள்தான் ஆபத்தானவை, கொஞ்சம் நின்று சொல்கிறேன்.

முதலில் புரப்ரனலால் தருவார்கள். இரண்டே நாளில் படபடப்பு அடங்கும். நோய் போய்விட்டது என்று தோன்றும். போகவில்லை, தாளின் நடுக்கம் நின்றது, சுரப்பு நிற்கவில்லை. ஆஸ்துமா இருந்தால் இந்த மாத்திரை ஆகாது, அதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். சுரப்பைக் குறைப்பது கார்பிமசோல். அது வேலை காட்டச் சில வாரங்கள் ஆகும். கிரேவ்ஸ் என்றால் பொதுவாக ஒன்று முதல் ஒன்றரை வருடம் சாப்பிட வேண்டும். மூன்றாம் மாதத்தில் தெளிவாகிவிட்டது என்று நிறுத்தினால் திரும்ப வரும். முழுக்காலம் சாப்பிட்டவர்களிலேயே ஏறக்குறைய பாதிப் பேருக்குத் திரும்புகிறது.

நிறுத்துவதற்கு இன்னொரு காரணமும் உண்டு, பெண்கள் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். எடை ஏறுகிறது. நோயில் போன எடைதான் திரும்புகிறது. ஆனால் நோயில் பழகிய பசி உடனே அடங்குவதில்லை, அதனால் கொஞ்சம் கூடவும் ஏறும். தைத்த பிளவுஸ்கள் திரும்பவும் இறுக்கிப் பிடிக்க ஆரம்பித்தபோது எனக்கும் மாத்திரைமேல் கோபம் வந்தது. சோற்றின் அளவைத்தான் பார்க்க வேண்டியிருந்தது.

இனி முக்கியமானது. கார்பிமசோல் சாப்பிடுகிறவர்களில் ஆயிரத்தில் ஒரு சிலருக்கு ரத்த வெள்ளணுக்கள் திடீரென்று விழுந்துவிடும். பெரும்பாலும் முதல் மூன்று மாதத்தில். அடையாளம்: காய்ச்சல், தொண்டை வலி, வாய்ப்புண். நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு ஆனியிலும் மழை, ஐப்பசியிலும் மழை. இரண்டு மழையிலும் வீட்டுக்கு ஒரு காய்ச்சல். அதனால் மெடிக்கல் ஸ்டோரில் இரண்டு மாத்திரை வாங்கிப் போட்டுவிட்டுப் படுத்துக்கொள்வது நம் வழக்கம். கார்பிமசோல் சாப்பிடுகிறவர் அப்படிப் படுக்கக் கூடாது. அந்த மாத்திரையை நிறுத்தி, அன்றைக்கே ரத்த அணுக்கள் எண்ணிக்கை பார்க்க வேண்டும். எண்ணிக்கை சரி என்றால் மருத்துவர் சொல்லித் திரும்பத் தொடங்கலாம். கண் மஞ்சளானாலும் சிறுநீர் கறுத்தாலும் அந்த மாத்திரையை நிறுத்தி, அன்றைக்கே மருத்துவரைப் பார்க்க வேண்டும். முதல் சீட்டு எழுதும்போதே இதைச் சொல்ல வேண்டும். எனக்குச் சொல்லவில்லை, இரண்டாவது இடத்தில்தான் சொன்னார்கள்.

குழந்தைக்குத் திட்டமிடுகிறவர்கள் முன்கூட்டியே சொல்ல வேண்டும். கார்பிமசோல் கருவின் ஆரம்ப வாரங்களில் பழுது உண்டாக்கக்கூடும் என்பதால் முதல் மூன்று மாதத்துக்கு வேறு மாத்திரைக்கு மாற்றுவார்கள். நாள் தள்ளிப்போனதும் பயந்து எல்லாவற்றையும் தானே நிறுத்துவது அதைவிட மோசம். அன்றே மருத்துவரை அழையுங்கள்.

சாப்பாட்டில் எல்லாரும் வைத்தியர். முட்டைக்கோஸ் கூடாது, மரச்சீனி கூடாது என்பதெல்லாம் சுரப்பு குறைந்தவர்களுக்குச் சொன்னது. அதைத் தின்றால் கூடின சுரப்பு அடங்கும் என்று சிலர் தலைகீழாகப் பிடித்துக்கொள்கிறார்கள். மாத்திரைக்கு அது ஈடல்ல. குளச்சல் மீனையோ அயோடின் உப்பையோ விட வேண்டியதில்லை. கடற்பாசி மாத்திரைகள்தான் வேண்டாம், அதில் அயோடின் எக்கச்சக்கம். சாயாவைக் குறைத்தால் நெஞ்சுக்கு நல்லது. கழலையை எண்ணெய் போட்டுத் தடவுவதற்கு நம் ஊரில் ஆட்கள் உண்டு. வர்மம் தெரிந்த ஆசான்மேல் எனக்கு மரியாதைதான், கழுத்தைக் கொடுக்க மட்டும் மாட்டேன். கிரேவ்ஸ் உள்ளவர்களுக்குக் கண் உறுத்தினாலோ முன்தள்ளினாலோ கண் மருத்துவரையும் பார்க்க வேண்டும். வீட்டில் பீடி, சிகரெட் பழக்கம் இருந்தால் அதை விடாமல் கண் தேறாது.

திரும்பத் திரும்ப வந்தால் கதிரியக்க அயோடின் அல்லது அறுவைச் சிகிச்சை என்பார்கள். முதலாவதன் பெயரைக் கேட்டதும் கூடங்குளம் வரைக்கும் யோசனை போய்விடும். 1941 முதல் கொடுத்துவரும் மருந்து அது. வாயால் விழுங்குவதுதான். அணு மருத்துவப் பிரிவுகள் பலவும் புற்றுநோய் மருத்துவமனைகளோடு ஒட்டி இருப்பதால், பலகையைப் பார்த்தே திரும்பிவிட்டவர்களும் உண்டு. கர்ப்பிணிகளுக்கும் பால் கொடுப்பவர்களுக்கும் மட்டும் தரவே மாட்டார்கள். அதன்பின் பெரும்பாலும் சுரப்பு குறைந்துபோய், வாழ்நாள் முழுக்கத் தைராக்சின் சாப்பிட வேண்டிவரும். சிகிச்சை தோற்றுவிட்டது என்று அதற்கு அர்த்தமில்லை, எதிர்பார்த்துச் செய்வதே அதுதான்.

மார்த்தாண்டம், குழித்துறைக்காரர்கள் பாதிப் பேர் திருவனந்தபுரம் போவார்கள், மீதி ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரியோ நாகர்கோவிலோ. எங்கே போனாலும் பழைய தாள்களைத் தேதி வரிசையில் ஒரு கோப்பில் கொண்டுபோங்கள். புதிய இடத்தில் சி.டி. ஸ்கேன் என்றால், ஊசிவழி ஏற்றும் மருந்தில் அயோடின் உண்டு என்பதால், தைராய்டு கூடுதல் என்று முன்பே சொல்லுங்கள். கடும் காய்ச்சலோடு நெஞ்சு தாறுமாறாக அடித்து, வாந்தி எடுத்து, பேச்சும் குழறினால் கோப்பைத் தேட வேண்டாம், 108ஐ அழையுங்கள்.

என் கோப்பின் அட்டையில் பெரிதாக “தைராய்டு — கூடுதல்” என்று எழுதி வைத்திருக்கிறேன். கல்யாணப் பந்தியிலும் இப்போதெல்லாம் அப்படித்தான் சொல்கிறேன்.