பால்காரர் போகும் வழி: திருச்சியைச் சுற்றி ஞாயிற்றுக்கிழமை மண்பாதை ஓட்டம்

திருச்சிக்காரர்களுக்கு ஒரு கொடுப்பினை உண்டு. ஒரு மணி நேரம் வண்டி ஓட்டினால் மூன்று வகை மண்ணைத் தொட்டுவிடலாம். தெற்கே விராலிமலை, புதுக்கோட்டைப் பக்கம் செம்மண். வடக்கே பாடாலூரை ஒட்டிக் கரிசல். கிழக்கே கல்லணையைத் தாண்டினால் காவிரி கொண்டுவந்து கொட்டிய வண்டல். துவாக்குடியில் ஒரு வெல்டிங் பட்டறையில் வேலை பார்க்கிறேன். ஆறு நாள் பொறியும் புகையும். ஏழாம் நாள் காலை ஐந்தேகாலுக்கு வண்டி தெருவில் நிற்கும். 11 வருடமாக இதுதான் வழக்கம்.

என் வண்டி 2011 மாடல் ஸ்பிளெண்டர் பிளஸ். இந்தப் பாதைகளுக்கு உயரமான வண்டி, முள்ளு டயர் எல்லாம் இருந்தால் நல்லதுதான். இல்லை என்பதற்காக வீட்டில் இருக்க வேண்டியதில்லை. கிராமத்தில் உரமூட்டையும் புல்லுக்கட்டும் ஏற்றிக்கொண்டு இதே நூறு சிசி வண்டிகள்தான் தினமும் போய்வருகின்றன. விழுந்தால் ஒற்றை ஆளாகத் தூக்கி நிறுத்தலாம் என்பது சின்ன வண்டியின் பெரிய வசதி. போன வருடம் தங்கை மகன் புது 200 சிசி வண்டியோடு வந்து, “மாமா, எனக்கும் சொல்லிக்குடுங்க” என்றான். அவனுக்குச் சொன்னதைத்தான் இங்கே எழுதுகிறேன்.

முதலில் அவனுக்குச் சொன்னது வழி கேட்கும் விதம். டீக்கடையில் நின்று “இந்த வழி ஆத்தங்கரைக்குப் போகுமாண்ணே?” என்று கேட்டால் “போகும்” என்றுதான் பதில் வரும். அவர் பொய் சொல்லவில்லை. நடந்து போனால் போகும்தான். “பால்காரர் இந்த வழியாத்தான் வர்றாரா?” என்று கேளுங்கள். இரண்டு பக்கமும் கேனைக் கட்டிக்கொண்டு, மழையோ பனியோ ஒரு நாளும் தவறாமல் போகிறவர் அவர். அவர் போகும் வழியில் உங்கள் வண்டியும் போகும். அவரே சுற்றிக்கொண்டு தார்ரோட்டில் போகிறார் என்றால் அன்றைக்கு அந்தக் குறுக்குப்பாதையை விட்டுவிடுங்கள். அடுத்த கேள்வி, “நேத்து இங்க மழையா?” கைப்பேசி வரைபடத்தில் ஒரு கோடு தெரியும். அந்தக் கோடு நேற்று நனைந்ததா என்பது டீக்கடைக்குத்தான் தெரியும்.

புதிதாக ஆரம்பிப்பவர்கள் செம்மண்ணிலிருந்து தொடங்குங்கள். விராலிமலை தாண்டிக் கொடும்பாளூரில் மூவர் கோயிலைப் பார்த்துவிட்டு, நெடுஞ்சாலையை விட்டுக் கிழக்கே ஊர்ப்பாதைகளில் குடுமியான்மலை, அன்னவாசல், சித்தன்னவாசல் என்று வரலாம். சரளை கலந்த மண் என்பதால் தண்ணீரை உள்ளே வாங்கிக்கொள்ளும். ராத்திரி பெய்த மழைக்கு மறுநாள் மதியம் பாதை இறுகி, தார்ரோட்டை விட நன்றாகவே இருக்கும். மழை தொடங்கிய முதல் கால் மணி நேரம் மட்டும் மேல்மண் வழுக்கும். அப்போது ஒரு புளியமரத்தடியில் நின்றுவிடுங்கள். கோடையில் பொடிமண் பள்ளத்தை மூடி மறைத்திருக்கும். மேடு பள்ளம் தெரியாத வழவழப்பான இடம் கண்ணில் பட்டால் அங்கேதான் வேகத்தைக் குறைக்க வேண்டும்.

செம்மண்ணில் பெரிய தொல்லை வழுக்கல் இல்லை, சீமைக்கருவேல முள். கண்மாய்க்கரையில் வேலி வெட்டிப் போட்ட நாளில் போனால் பஞ்சர் உறுதி. அதனால் பையில் ஒரு டியூப், இரண்டு டயர் லீவர், கால்பம்பு, பிளக் ஸ்பேனர், 10-12, 14-15 ஸ்பேனர்கள், பின்சக்கர நட்டுக்குப் பொருந்தும் பெரிய ஸ்பேனர், ஒரு கிளட்ச் கேபிள், கொஞ்சம் கட்டுக்கம்பி எப்போதும் இருக்கும். வைத்திருந்தால் போதாது. வீட்டு வாசலில் ஒரு தடவை பின்சக்கரத்தைக் கழற்றி டியூப் மாற்றிப் பாருங்கள். மருமகனுக்கு முதல் தடவை ஒன்றரை மணி நேரம் ஆனது, நான்காம் தடவை 25 நிமிடம்.

காற்று விஷயம். தார்ரோட்டில் முன்னால் 25 பிஎஸ்ஐ, பின்னால் 28 வைக்கிறேன். மண்பாதை தொடங்கும் இடத்தில் முன்னால் 20, பின்னால் 22 ஆக இறக்கிவிடுவேன். டயர் கொஞ்சம் பரந்து மண்ணைப் பிடிக்கும். டியூப் டயரில் இதற்குக் கீழே போக வேண்டாம். காற்று ரொம்பக் குறைந்தால் ரிம்முக்குள் டயர் நழுவும், கூடவே டியூபும் இழுபட்டு வால்வு வேரோடு கிழியும். அதை ஒட்டுப்போட முடியாது. திரும்பத் தார்ரோடு ஏறும் முன் மறக்காமல் பம்பை எடுங்கள்.

ஓட்டும் விதம் எந்த மண்ணுக்கும் பெரும்பாலும் ஒன்றுதான். சேறு தொடங்கும் முன்பே இரண்டாம் கியருக்கு வந்துவிடுங்கள். நடுச்சேற்றில் கியர் மாற்றக் கூடாது, கிளட்சை முழுதாகப் பிடிக்கக் கூடாது, ரேஸைச் சட்டென்று விடவும் கூடாது. மெதுவாக, ஒரே சீராக இழுத்துக்கொண்டே போக வேண்டும். ஃபுட்ரெஸ்டில் எழுந்து நின்று முழங்காலால் டேங்கை லேசாக அணைத்துக்கொண்டால் உடம்பின் கனம் காலுக்கு இறங்கும். கீழே வண்டி எப்படி ஆடினாலும் நீங்கள் ஆட மாட்டீர்கள். ஹேண்டில் பாரை இறுக்கிப் பிடிக்காதீர்கள். முன்சக்கரம் அங்குமிங்கும் அலையத்தான் செய்யும், அதுவே வழியைக் கண்டுபிடித்துக்கொள்ளும். கண் பத்துப் பதினைந்து மீட்டர் தள்ளி இருக்கட்டும். முன்சக்கரத்துக்கு அடியிலேயே பார்த்துக்கொண்டு போனவர்கள் விழாமல் வந்து நான் பார்த்ததில்லை. சேற்றில் முன்பிரேக்கின் மேல் விரலே இருக்க வேண்டாம், பின்பிரேக்கை லேசாக. டிராக்டர் தடத்துக்குள் இறங்கினால் அதிலேயே போங்கள். பாதியில் மனம் மாறி அடுத்த தடத்துக்குச் சாய்வாக ஏறப்போனால் பின்சக்கரம் தடத்தின் விளிம்பில் ஏறாமல் வழுக்கும், வண்டி படுத்துவிடும். பின்னால் ஆள் இருந்தால் இறங்கி நடந்து வரச் சொல்லுங்கள்.

கரிசல் வேறு சங்கதி. பாடாலூர்ப் பக்கம் கிழக்கே பிரிந்து காரை, கொளக்காநத்தம் போகும் பாதைகளில் மக்காச்சோளமும் பருத்தியும் இரண்டு பக்கமும் நிற்கும். காரையில் நிலம் மடிப்பு மடிப்பாக அரித்துக் கிடக்கும். சுமார் 10 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலடியாக இருந்த இடம் அது, அம்மோனைட் போன்ற கடல் உயிர்களின் புதைபடிவங்கள் அந்த மண்ணில் கிடைத்திருக்கின்றன. கண்ணால் பாருங்கள், பையில் போடாதீர்கள். எனக்கு எல்லாப் பயணத்திலும் பிடித்தது இந்தப் பக்கம்தான். காய்ந்த மாதங்களில் மட்டும்.

ஓர் ஐப்பசி மாதம். மக்காச்சோளக் காட்டுக்கு நடுவே போய்க்கொண்டிருந்தபோது பத்து நிமிடம் தூறல். பத்தே நிமிடம். வண்டி வழுக்கும் என்றுதான் நினைத்தேன். வழுக்கவில்லை, ஒட்டியது. சக்கரம் ஒரு சுற்றுச் சுற்றும்போது ஒரு அடுக்கு மண், அடுத்த சுற்றில் அதன் மேல் இன்னொரு அடுக்கு. நூறு மீட்டர் போவதற்குள் முன்மட்கார்டுக்கும் டயருக்கும் நடுவில் விரல் நுழைய இடமில்லை. சக்கரம் நின்றது. தள்ளவும் முடியவில்லை, உருட்டவும் முடியவில்லை. செருப்பு ஒவ்வொன்றும் இரண்டு கிலோ இருக்கும். களை எடுத்துக்கொண்டிருந்த பெரியவர் வரப்பில் வந்து நின்று பார்த்தார். “தம்பி, இப்ப நோண்டுனா நோண்டிக்கிட்டே இருக்கணும். வெயில் வருது, ரெண்டு மணி நேரம் உக்காருங்க. காஞ்சா அதுவே உதுந்துடும்” என்றார். நான் கேட்கவில்லை. கருவேலங்குச்சியால் முக்கால் மணி நேரம் நோண்டிச் சுத்தம் செய்து ஐந்து மீட்டர் உருட்டினேன், மறுபடி அடைத்துக்கொண்டது. பிறகுதான் அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். அவர் வீட்டுக் கம்மங்கூழையும் குடித்தேன். வெயில் ஏறியதும் மேல்மண் வெளுத்து வெடிப்பு விட்டது. சக்கரத்தில் இருந்தது தட்டினால் ஓடு மாதிரி கழன்று விழுந்தது. அவர் சொன்ன கணக்கில் பத்து நிமிடம்தான் முன்னே பின்னே.

அதிலிருந்து கரிசலில் எனக்கு ஒரே சோதனை. வண்டியை நிறுத்தி இறங்கிப் பத்து அடி நடப்பேன். செருப்போடு மண் வந்தால் அங்கேயே திரும்பிவிடுவேன், எவ்வளவு ஆசையாக இருந்தாலும். பாதி வழியில் மாட்டிக்கொண்டால் பாதை நடுவை விட்டுப் புல் முளைத்த ஓரத்துக்கு வாருங்கள். புல் வேர் மண்ணைப் பிடித்துவைத்திருக்கும், சக்கரத்தில் அவ்வளவாக ஒட்டாது.

இதையே வண்டலில் செய்தீர்கள் என்றால் வாய்க்காலுக்குள் கிடப்பீர்கள். மருமகன் அப்படித்தான் விழுந்தான். கல்லணையிலிருந்து கோவிலடி, திருக்காட்டுப்பள்ளி வழியாகத் திருவையாறு வரை போகும் ரோட்டில் ஏகப்பட்ட கிளைப்பாதைகள் வயலுக்குள் பிரியும். அதில் ஒன்றில், முதல் வாரம் கரிசலில் கற்ற பாடத்தை நினைத்து அவன் புல் ஓரத்துக்கு ஒதுங்கினான். டெல்டாவில் புல் ஓரம் என்பது வாய்க்கால் கரையின் சரிவு. கீழே நண்டு வளையும் எலி வளையும் குடைந்து வெறும் கூடாக இருக்கும். கரை உட்கார்ந்தது, அவனும் வண்டியும் இடுப்பளவுத் தண்ணீரில். நல்லவேளை, அடி இல்லை. வழக்கமாக ஜூன் 12ஆம் தேதி மேட்டூரைத் திறப்பார்கள். தண்ணீர் வந்து வாய்க்கால் ததும்பும் மாதங்களில் கரை இன்னும் நொளுநொளுத்துப்போகும். வண்டலில் எப்போதும் பாதையின் நடுமுதுகு, இல்லாவிட்டால் டிராக்டர் தடம்.

வாய்க்காலில் விழுந்த வண்டியை என்ன செய்வது என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஏற்றியதும் செல்ஃபை அழுத்தத் தோன்றும். தொடாதீர்கள். எஞ்சினுக்குள் தண்ணீர் இருந்தால் பிஸ்டன் அதை அமுக்க முடியாமல் கனெக்டிங் ராடு வளையும். பிளக்கைக் கழற்றி, கிக்கரை மெதுவாக ஏழெட்டுத் தடவை மிதியுங்கள். துளை வழியாகத் தண்ணீர் பீய்ச்சி வெளியே வரும். ஏர் ஃபில்டரைத் திறந்து நனைந்திருக்கிறதா பாருங்கள். எஞ்சின் ஆயிலைப் பாருங்கள்; மோர் மாதிரி வெளுத்திருந்தால் மாற்றாமல் ஓட்டவே கூடாது. ஓடையைக் கடப்பதானால் முதலில் நடந்து பாருங்கள். சைலன்சர் வாய்க்கு மேல் தண்ணீர் இருந்தால் என் வண்டியை இறக்க மாட்டேன். கடந்த பிறகு டிரம் பிரேக் கொஞ்ச தூரத்துக்குப் பிடிக்காது. லேசாக அழுத்தியபடியே நூறு மீட்டர் போனால் சூட்டில் காய்ந்துவிடும்.

டெல்டாவின் இன்னொரு ஆபத்து தார்ரோட்டிலேயே இருக்கிறது. தை, மாசியில் சம்பா அறுவடை. பெல்ட் போட்ட அறுவடை இயந்திரம் வயலிலிருந்து ஏறும் இடத்தில் ரோடெல்லாம் களி. விடியற்காலைப் பனியில் அது சோப்பு. வயலில் இயந்திரம் தெரிந்தாலே வளைவில் வேகத்தைக் குறையுங்கள். ரோட்டில் நெல் காயும். அது ஒரு வீட்டின் போகம் முழுதும். எவ்வளவு அவசரமானாலும் அதன்மேல் ஏற்றாமல் ஒதுங்கிப் போங்கள். பெரம்பலூர்ப் பக்கம் கொள்ளுச்செடியைப் பரப்பி வண்டி ஏறட்டும் என்றே விட்டிருப்பார்கள். கார் ஏறட்டும், நாம் வேண்டாம். கொடி அச்சில் சுற்றிச் சக்கரத்தையே பூட்டிவிடும்.

வயலுக்குள் போகும்போது ஒரு மடையைத் தாண்டினால் திரும்பிப் பாருங்கள். நம் சக்கரம் பதித்த பள்ளம் வழியாக வயல்காரர் தேக்கி வைத்த தண்ணீர் பக்கத்து வயலுக்குப் போய்விடும். இறங்கிக் கையால் மண்ணை அள்ளி அடைக்க ஒரு நிமிடம்கூட ஆகாது. இதைச் செய்யாதவர்களை என்னோடு அழைத்துப்போவதில்லை. அந்தப் பாதை நம்முடையது இல்லை, அவர்கள் விட்டால் போகிறோம்.

திருவையாற்றில் அசோகா அல்வா வாங்கிக்கொண்டு பதினோரு மணிக்குள் வீடு திரும்பிவிடுவேன். கழுவுவதை மாலைக்குத் தள்ளாதீர்கள், மண் இறுகும். சர்வீஸ் ஸ்டேஷனில் வேகத் தண்ணீரைச் சக்கரத்தின் நடுவில் அடிக்க விடாதீர்கள். பேரிங்குக்குள் சேறு போகும். வாளித் தண்ணீரும் பழைய துணியும் போதும். மட்கார்டு உட்புறம், ஃபுட்ரெஸ்ட் அடி, எஞ்சினில் வரிவரியாக இருக்கும் ஃபின்களுக்கு நடுவே இருக்கும் மண்ணை மூங்கில் குச்சியால் எடுங்கள். அடைந்திருந்தால் எஞ்சின் சூடாகும். பிரேக் டிரம்மைக் கழற்றி உள்ளே இருக்கும் மண்பொடியை ஈரத்துணியால் துடையுங்கள். செயின் காய்ந்ததும் எண்ணெய் விடுங்கள். கடைசியாகச் சென்டர் ஸ்டாண்டு போட்டு, இரண்டு சக்கரத்தையும் ஒவ்வொன்றாகக் கையால் சுற்றிவிட்டுக் காதைக் கொடுத்துக் கேளுங்கள். கரகரவென்று சத்தம் வந்தால் திங்கட்கிழமை வேலைக்குப் போகும் வழியில் பேரிங் வாங்க வேண்டியிருக்கும்.