ஸ்பிட்ஃபயர் மாடலில் தனி டெக்கால் தாளை ஒட்டும் முறை

மாடல் கிட்டோடு வரும் டெக்கால்களை, அதாவது தண்ணீரில் நனைத்து ஒட்டும் மெல்லிய படலச் சின்னங்களை, ஒதுக்கிவிட்டுத் தனியாக விற்கப்படும் தாளை வாங்குபவர், பெரும்பாலும் ஏதோ ஒரு குறிப்பிட்ட விமானத்தை மனத்தில் வைத்தே வாங்குகிறார். என் மேசையில் இப்போது இருப்பது 1/72 அளவில் ஒரு ஸ்பிட்ஃபயர் மார்க் 8, இரண்டாம் உலகப்போர் காலப் பிரிட்டிஷ் போர்விமானம். இந்திய விமானப்படையில் முதன்முதலாக 1944இல் ஸ்பிட்ஃபயருக்கு மாறிய 8ஆம் ஸ்குவாட்ரன் (விமானப் படைப்பிரிவு) பர்மா போர்முனைக்குக் கொண்டுசென்றது இந்த வகையைத்தான். அங்கே பறந்த பிரிட்டிஷ், இந்திய விமானங்களின் வட்டச் சின்னத்தில் சிவப்பு இருக்காது. ஜப்பானியரின் சிவப்பு வட்டமென்று எண்ணித் தம்மவரே சுட்டுவிடக் கூடாது என்பதற்காக அதை நீக்கி, நடுவில் வெளிர்நீலமும் சுற்றிலும் கருநீலமும் வைத்தார்கள். மாடல் செய்பவருக்குத் தொல்லை தருவது இந்த வெளிர்நீலம்தான். இருண்ட உருமறைப்பு வண்ணத்தின் மேல் அது உட்காரும்போது, அடியில் காற்று சிக்கினாலும் தெரியும், மை மெலிந்திருந்தாலும் தெரியும்.

ஆகவே முதலில் தாளை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பார்க்க வேண்டும். வெளிர்நீலத்தின் ஊடே ஒளி தாராளமாக வந்தால், ஒட்டிய பிறகு பச்சையும் பழுப்பும் சந்திக்கும் கோடு சின்னத்துக்குள் நிழலாகத் தெரியும். அப்படிப்பட்ட தாளுக்கு, சின்னம் வரும் இடத்தில் அதைவிடச் சற்றே சிறிய வெள்ளை வட்டத்தை முன்கூட்டியே வண்ணமாக அடித்துவிடுவது நல்லது. அடுத்ததாக அளவுகோலை எடுங்கள். 24 அங்குல உயரமுள்ள ஸ்குவாட்ரன் எழுத்து 1/72இல் 8.5 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். 8 அங்குலத் தொடர் எண் 2.8 மில்லிமீட்டர். அச்சிட்டவர் தவறாதவர் அல்லர் என்பதை இந்த இரண்டு நிமிட வேலை எனக்குப் பலமுறை காட்டியிருக்கிறது. தாளில் தேவைப்படாத சின்னம் ஒன்றை வெட்டித் தண்ணீரில் மிதக்கவிட்டுச் சோதிப்பதும் அவசியம். அது துண்டு துண்டாக உடைந்தால் தாள் பழையது என்று பொருள். மைக்ரோஸ்கேல் நிறுவனத்தின் லிக்விட் டெக்கால் ஃபிலிமை முழுத் தாளின் மேலும் தூரிகையால் ஒரு முறை பூசி உலரவிட்டால் பெரும்பாலும் பயன்படுத்த முடியும்.

போரின் கடைசிக் கட்டத்தில் இறக்கைகளிலும் வாலிலும் போடப்பட்ட வெள்ளை அடையாளப் பட்டைகளைச் சில தாள்கள் டெக்காலாகவே தருகின்றன. அவற்றைத் தொடாதீர்கள். இறக்கையின் முன்விளிம்பைச் சுற்றி மடியும் பட்டை எப்போதும் சுருங்கும். முகமூடி நாடா ஒட்டி வண்ணமாக அடிப்பதே எளிது.

வண்ணம் முடிந்ததும் மேற்பரப்பைப் பளபளப்பாக்க வேண்டும். பளபளப்பற்ற மேட் வண்ணம் நம் கண்ணுக்கு மழமழப்பாகத் தெரிந்தாலும் உண்மையில் அது உப்புத்தாள் போல மேடும் பள்ளமுமானது. அந்தப் பள்ளங்களில் தங்கும் காற்று, டெக்காலின் ஒளிபுகும் படலத்துக்கு அடியிலிருந்து வெள்ளி போல மினுங்கும். டாமியா எக்ஸ்-22 போன்ற கிளாஸ் வார்னிஷை இரண்டு மூன்று மெல்லிய பூச்சுகளாக அடித்து, குறைந்தது ஒரு நாள் முழுவதும் உலரவிடுங்கள். கடலோர ஊர்களின் புழுக்கத்தில் நான் இரண்டு நாள் விடுகிறேன். மூக்கருகே வைத்தால் வார்னிஷ் வாடை அடிக்கிறதா? இன்னும் உலரவில்லை.

ஒவ்வொரு சின்னத்தையும் புதிய பிளேடால், விளிம்பில் படலம் மிஞ்சாதபடி நெருக்கமாக வெட்டுங்கள். எழுத்துகளுக்கு இடையிலுள்ள படலத்தையும் கூடியவரை நீக்கிவிடலாம். வெதுவெதுப்பான தண்ணீரில் பத்துப் பதினைந்து விநாடி நனைத்து எடுத்து, ஒரு நிமிடம் துணியின் மேல் வைத்தால் பசை தானே இளகும். போர்வெல் தண்ணீர் வேண்டாம். ஒருமுறை அதைப் பயன்படுத்திவிட்டு, காலையில் கருநீல வளையத்தைச் சுற்றி வெண்ணிற உப்புத் தடம் பூத்திருந்ததைப் பார்த்த நாளிலிருந்து குடிநீர் கேனைத்தான் நாடுகிறேன்.

சின்னம் வரவேண்டிய இடத்தில் மைக்ரோ செட் என்ற திரவத்தைத் தூரிகையால் தாராளமாகத் தடவுங்கள். காடி வாடை அடிக்கும் அந்தத் திரவம் பசையின் பிடிப்பைக் கூட்டுகிறது. காகிதத்தோடு சின்னத்தை அருகே கொண்டுசென்று, ஈரத் தூரிகையின் நுனியால் மெல்லத் தள்ளி இறக்குங்கள், விரல் வேண்டாம். விமானத்தின் தகடுகள் சேரும் இடங்களைக் காட்டும் பேனல் கோடுகளை வைத்து இடத்தைச் சரிபார்த்த பின், நனைத்துப் பிழிந்த பஞ்சுக் குச்சியை நடுவிலிருந்து விளிம்பை நோக்கி உருட்டித் தண்ணீரை வெளியேற்றுங்கள். தேய்த்தால் சின்னம் நகர்ந்துவிடும், உருட்டத்தான் வேண்டும்.

கால் மணி நேரம் கழித்து படலத்தை இளக்கும் மைக்ரோ சால் என்ற திரவத்தை மேலே ஒரே தடவலில் பூசுங்கள். சில நிமிடங்களில் சின்னம் சுருங்கி, கொதித்த பாலின் ஆடை போல மடிப்பு மடிப்பாக எழும். புதியவர் பதறிக் கை வைப்பது இங்கேதான். அந்த நிலையில் படலம் பாகு போல இருப்பதால், தொட்டால் கிழியும். விட்டுவிட்டால் உலரும்போது தானாகவே படிந்து, பேனல் கோட்டுக்குள் இறங்கிக்கொள்ளும். இறக்கையின் பின்விளிம்பில் அசையும் எய்லரானின் கீல் கோட்டைத் தாண்டிச் செல்லும் பெரிய சின்னத்தை மட்டும், உலர்ந்த பின் கோட்டின் வழியே பிளேடால் கீறி மறுபடி மைக்ரோ சால் இட வேண்டும். எங்கேனும் வெள்ளி மினுக்கம் மீந்திருந்தால் ஊசி நுனியால் நான்கைந்து துளை குத்தி அதே திரவத்தை விடுங்கள். வால்ட்டர்ஸ் நிறுவனத்தின் சால்வசெட் என்ற திரவம் இதைவிடக் காட்டமானது. தடித்த படலத்துக்கு உதவும் என்றாலும், சோதனைச் சின்னத்தில் முயலாமல் அதைத் தொடக் கூடாது.

பெரிய வட்டங்கள் முதலில், எழுத்துகள் அடுத்து, பராமரிப்புக் குறிப்புகளான நுண்ணெழுத்துகள் கடைசியில். ஒரு மாலையில் ஒரு பக்கம் போதும். ஈரச் சின்னம் இல்லாத இடமென்று ஒன்று இருந்தால்தான் மாடலைப் பிடிக்க முடியும்.

மறுநாள் ஈரத் துணியால் பசைத் தடங்களைத் துடைத்துவிட்டு, மீண்டும் ஒரு மெல்லிய கிளாஸ் பூச்சு அடியுங்கள். பேனல் கோடுகளை எடுத்துக்காட்டும் நீர்த்த கருவண்ணமான அழுக்கு வாஷ் அதன் மேல்தான் போக வேண்டும். நேராக டெக்காலின் மேல் போனால் விளிம்பில் ஊறி வட்டத்தைச் சுற்றிக் கறுப்புக் கோடு போட்டுவிடும். வாஷ் காய்ந்தபின் மேட் வார்னிஷ் அடித்து, அதுவும் உலர்ந்த பிறகே விமானியின் கண்ணாடிக் கூண்டில் ஒட்டிய நாடாவை உரியுங்கள்.