ஒரே ஒரு குழந்தை வந்தாலும் குப்பியைத் திறங்கள்: தாராவியில் தடுப்பூசி முகாம் நடத்துவது எப்படி

மும்பை தாராவியில் பல வருஷமாகத் தடுப்பூசி போடுகிற ஏ.என்.எம். (துணைச் செவிலியர்-மருத்துவச்சி) நர்ஸ் நான். எங்கள் ஹெல்த் போஸ்ட்டில், அதாவது சிறு சுகாதார மையத்தில், புதிதாகச் சேரும் சேவிகாக்களுக்கும் (வீடு வீடாகப் போகும் சுகாதாரப் பணிப்பெண்கள்), முகாமுக்கு இடம் தருகிற சங்கத்துத் தம்பிகளுக்கும் வாயால் சொல்லிக்கொடுப்பதை இங்கே எழுதி வைக்கிறேன். மருந்தைக் குளிரில் காப்பது ஒரு வேலை, அம்மாவை வரவழைப்பது வேறு வேலை என்று பலர் பிரித்துவிடுகிறார்கள். இரண்டையும் சேர்த்துத் திட்டம் போட்டால்தான் குழந்தைக்கு ஊசி போய்ச் சேரும்.

முதலில் குளிர். தடுப்பூசி மருந்து 2 முதல் 8 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். சூட்டில் கெடும் என்பது எல்லோருக்கும் தெரியும். உறைந்தாலும் கெடும் என்பது மறந்துபோகிறது. பென்டாவேலன்ட் (பென்டா, ஐந்து நோய்களுக்கான கூட்டு ஊசி), ஹெபடைடிஸ் பி, டிபிடி (தொண்டை அடைப்பான், கக்குவான், டெட்டனஸ்), டிடி (டெட்டனஸ், தொண்டை அடைப்பான்), ஐபிவி (போலியோ ஊசி), பிசிவி (நிமோனியா ஊசி) இவையெல்லாம் ஒருமுறை உறைந்தால் அவ்வளவுதான். ஹெபடைடிஸ் பி உறைவதற்கு மைனஸ் அரை டிகிரியே போதும். குப்பியில் இருக்கும் விவிஎம் என்ற, சூடு பட்டால் நிறம் மாறும் அடையாளம் சூட்டை மட்டும்தான் காட்டும். உள்ளே இருக்கும் சதுரம் வெளி வட்டத்தைவிட வெளிறி இருந்தால் போடலாம், இரண்டும் ஒரே நிறமானால் போடக்கூடாது. உறைந்து கெட்ட மருந்திலோ அந்தச் சதுரம் வெள்ளையாகவே இருக்கும். அதனால் விவிஎம்மை மட்டும் பார்த்துத் திருப்திப்பட்டுவிடாதீர்கள்.

மருந்தைச் சேமித்து வைக்கிற ஐ.எல்.ஆர். குளிர்ப்பெட்டியின் அடிப்பகுதியில்தான் குளிர் அதிகம். போலியோ சொட்டு மருந்து, எம்ஆர் (தட்டம்மை-ரூபெல்லா ஊசி), பிசிஜி (காசநோய் ஊசி) கீழே, உறையக்கூடாதவை மேலே, எல்லாம் கூடைக்குள். சாப்பாட்டு டப்பா, தண்ணீர் பாட்டில், வேறு மருந்து எதுவும் உள்ளே போகக்கூடாது. காலையும் மாலையும் வெப்பநிலையைப் பார்த்து எழுதுங்கள், பண்டிகை நாளானாலும் சரி. 2020 அக்டோபர் 12 அன்று மும்பையில் கரண்ட் போன மாதிரி போனாலும் மூடியைத் திறந்து திறந்து பார்க்காதீர்கள். ஒரு நாளில் 8 மணி நேரம் கரண்ட் இருந்தாலே ஐ.எல்.ஆர். தன் குளிரைப் பிடித்து வைத்துக்கொள்ளும்.

நான் அதிகம் பார்க்கிற தவறு ஐஸ்பேக்கில்தான். டீப் ஃப்ரீசரிலிருந்து எடுத்து அப்படியே முகாமுக்கு மருந்து கொண்டுபோகிற கேரியர் பெட்டியில் அடுக்கிவிடுகிறார்கள். உள்ளே இருக்கும் பென்டா உறைந்துபோகிறது, வெளியே யாருக்கும் தெரிவதில்லை. ஐஸ்பேக்குகளை எடுத்து மேசையில் பரப்பி வையுங்கள். மேல்புறம் வேர்த்து, காதருகே ஆட்டிப் பார்த்தால் உள்ளே தண்ணீர் சளசளக்க வேண்டும். அதன் பிறகே நான்கு ஐஸ்பேக்குகளைக் கேரியரின் நான்கு பக்கமும் நிறுத்தி, மருந்தை ஜிப் பையில் போட்டு நடுவில் வையுங்கள். எத்தனை நிமிஷம் என்று கேட்காதீர்கள். மே மாதத்தில் சீக்கிரம் இளகும், ஜனவரியில் நேரமாகும். காலையில் யார் முதலில் வருகிறாரோ அவருடைய முதல் வேலை இதுதான் என்று முடிவு செய்துவிட்டால் அவசரத்தில் தவறாது.

ஒழுங்காகக் கட்டிய கேரியர், மூடியை அடிக்கடி திறக்காவிட்டால், ஏறக்குறைய 12 மணி நேரம் தாங்கும். அப்படியென்றால் முகாம் காலை 10 மணிக்குத்தான் என்று யார் சொன்னது? எங்கள் பகுதியில் இட்லி வியாபாரம் செய்கிற வீடுகளில் பெண்கள் விடியும் முன்பே அடுப்படியில் நிற்கிறார்கள். ஆண்கள் சைக்கிளில் இட்லி கொண்டுபோன பிறகு பாத்திரம், துணி, தண்ணீர். மாட்டுங்காவிலும் மாஹிமிலும் வீட்டுவேலைக்குப் போகிறவர்கள் மதியம் தாண்டித்தான் திரும்புவார்கள். குழாயில் தண்ணீர் வருகிற நேரத்தில் எந்த அம்மாவும் குடத்தை விட்டுவிட்டு வரமாட்டாள். வரச் சொல்வதும் நியாயம் இல்லை. முகாமுக்கு முந்தின வாரமே சந்து சந்தாகப் போய், "எந்த நேரம் தோதுப்படும்?" என்று பெண்களிடமே கேளுங்கள். கேட்டதை எழுதி மருத்துவ அதிகாரியிடம் கொடுத்து, மாதத்தில் ஒரு முகாமையாவது சாயங்காலம் வைக்கச் சொல்லுங்கள்.

நேரத்தை மாற்றும்போது ஒன்றை மறக்கக்கூடாது. தூளாக வருகிற எம்ஆரையும் பிசிஜியையும் கரைத்த பிறகு 4 மணி நேரம்தான் பயன்படுத்தலாம். முதல் குழந்தை வந்து உட்கார்ந்த பிறகு கரையுங்கள், குப்பியிலேயே நேரத்தை எழுதுங்கள். கரைக்கிற திரவமும் அந்தந்த மருந்துக்கு உரியதாகவும் அதே குளிரில் இருந்ததாகவும் இருக்க வேண்டும். பென்டா, டிபிடி, ஐபிவி போன்றவற்றைத் திறந்த தேதி எழுதி, குளிரிலும் சுத்தத்திலும் காத்தால் 28 நாள் வரை பயன்படுத்தலாம்.

எம்ஆர் குப்பியில் 5 டோஸ், பிசிஜியில் 10. ஒரு குழந்தைக்காகத் திறந்தால் மீதி வீணாகிறதே என்று கை தயங்கும். "அஞ்சு பிள்ளைகள் சேரட்டும், அடுத்த வாரம் வாம்மா" என்று சொல்லித் திருப்பி அனுப்புகிறவர்களைப் பார்த்தால் எனக்கு மனசு கொதிக்கும். அவள் அரைநாள் கூலியை விட்டு, மாமியாரிடம் சொல்லிவிட்டு, மூத்த பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டுவிட்டு வந்திருக்கிறாள். அடுத்த வாரம் வருவாள் என்பதற்கு என்ன உத்தரவாதம்? ஒரே குழந்தை என்றாலும் குப்பியைத் திறக்கலாம் என்றுதான் அரசு விதியே சொல்கிறது. 2022 கடைசியில் மும்பையிலேயே கோவண்டிப் பக்கம் தட்டம்மை பரவிக் குழந்தைகள் இறந்தார்கள். ஒன்பது மாதத்தில் போட வேண்டிய எம்ஆரைத் தள்ளிப்போடும்போது அதை நினைத்துக்கொள்ளுங்கள். வீணான டோஸைப் பதிவேட்டில் எழுதிக் கணக்குக் காட்டலாம்.

ஊசி போட்ட பிறகு அரை மணி நேரம் உட்காரச் சொல்கிறோம் அல்லவா, அந்த அரை மணிதான் பேசுவதற்கு நல்ல நேரம். என்ன ஊசி, எதற்கு, அடுத்து எப்போது, என்ன தொந்தரவு வரலாம், அட்டை பத்திரம். இதை அம்மாவிடம் மட்டும் சொல்லி அனுப்பினால் போதாது. பென்டா போட்ட ராத்திரி குழந்தை காய்ச்சலில் அழும்போது, "நல்லா இருந்த பிள்ளைய எதுக்குக் கொண்டுபோன?" என்ற ஏச்சு அவளுக்குத்தான் விழும். அதனால் வீட்டு ஆச்சியையும் அப்பாவையும் முன்கூட்டியே பாருங்கள். "ஆச்சி, ஒண்ணு ரெண்டு நாள் காய்ச்சல் வரும், ஊசி போட்ட இடம் வீங்கும், நான் சொன்ன அளவில் சிரப் கொடுங்க, வலிப்பு வந்தாலோ பிள்ளை துவண்டுபோனாலோ உடனே சயான் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிட்டுப் போங்க" என்று நேராகச் சொல்லிவிட்டால் பழி நம்மேல் வரும், அவள் தப்பித்துக்கொள்வாள். சங்கத்துத் தம்பிகள் அப்பாமார்களிடம் பேசட்டும். குழந்தையைத் தூக்கிக்கொண்டு வருகிற அப்பாவுக்கு முதலில் நாற்காலி போடுங்கள், அடுத்த தடவை இன்னும் நான்கு பேர் வருவார்கள்.

அரசின் தடுப்பூசிப் பதிவுத் தளமான யு-வின்னில் பதியும்போது பெரும்பாலும் புருஷனுடைய நம்பரைத்தான் கொடுக்கிறார்கள். அவர் வேலையில் இருக்கும்போது வருகிற செய்தி வீடு வந்து சேர்வதில்லை. அம்மாவின் நம்பரையும் தனியாக உங்கள் நோட்டில் எழுதுங்கள். போன் இல்லையென்றால், அவளைக் கேட்டுக்கொண்டு, பக்கத்து வீட்டுப் பெண்ணின் நம்பரை எழுதுங்கள். விடுபட்டவர்களின் பட்டியலில் பெண் குழந்தைகளைத் தனியாக எண்ணிப் பாருங்கள். ஒரே வீட்டில் பையனுக்குத் தவறாமல் வந்து, பெண்ணுக்கு விடுபட்டிருந்தால் அந்த வீட்டுக்கு நீங்களே போக வேண்டும்.

நம்மைப் பற்றியும் கொஞ்சம். வீடு வீடாகப் போகிறவர்கள் எல்லாரும் பெண்கள். இரண்டு பேராக அனுப்புங்கள். கேரியரைத் தூக்க ஆள் கேளுங்கள். முகாம் வைக்கிற மண்டபத்தில் நாம் பயன்படுத்தத் திறந்துவிடுகிற கழிப்பறை, கர்ப்பிணிகளுக்கு ஊசி போடவும் அம்மாக்கள் பால் கொடுக்கவும் ஒரு திரை, இவை இல்லாத இடத்தை ஒப்புக்கொள்ளாதீர்கள்.

கடைசியாக, ஊருக்குப் போய் வருகிற குழந்தைகள். தாய்வீட்டுப் பிரசவத்துக்குத் திருநெல்வேலி போகிறவள் நான்கைந்து மாதக் குழந்தையோடு திரும்புவாள். நாட்டில் எந்த அரசு மையத்திலும் தடுப்பூசி இலவசம் என்று ரயில் ஏறும் முன்பே சொல்லி, அடுத்த தேதிகளை அட்டையில் பெரிதாக எழுதிக் கொடுங்கள். திரும்பி வரும்போது இடையில் ஒரு டோஸ் விடுபட்டிருந்தால் முதலிலிருந்து தொடங்க வேண்டாம், விட்ட இடத்திலிருந்து தொடரலாம். அட்டை தொலைந்திருந்தால் அவளைத் திட்டாதீர்கள். இடது மேல்கையில் பிசிஜி தழும்பு இருக்கிறதா பாருங்கள், யு-வின்னில் தேடுங்கள். அதிலும் கிடைக்காவிட்டால் ஊரில் ஊசி போட்ட நர்ஸுக்கு போன் போட்டு, பதிவேட்டில் அந்தக் குழந்தையின் வரியை மட்டும் வாட்ஸ்அப்பில் படமாகக் கேட்டு வாங்கி, புது அட்டையில் ஏற்றிவிடுங்கள்.