கொமோடோ தீவுகளை மரப்படகில் சுற்றுவது எப்படி? முதல்முறை போகிறவர்களுக்கு

கொமோடோ என்றதும் எல்லோருக்கும் அந்த ராட்சத உடும்புதான் ஞாபகம் வரும். ஆனால் இந்தோனேசியாவின் கொமோடோ தேசியப் பூங்காவில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு கடல்தான். 1980-ல் பூங்காவாக அறிவித்தார்கள், 1991-ல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. கொமோடோ, ரிஞ்சா, பாடார் என்று மூன்று பெரிய தீவுகள், சுற்றிலும் குட்டிக் குட்டியாக நிறைய. புளோரஸ் தீவின் மேற்கு முனையில் இருக்கும் லபுவான் பாஜோ என்ற துறைமுக ஊரிலிருந்துதான் பெரும்பாலான படகுகள் கிளம்பும்.

ஸ்பீட் போட்டில் ஏறி ஒரே நாளில் ஐந்தாறு இடம் தொட்டுவிட்டு சாயங்காலம் ஊருக்குத் திரும்பலாம். பலர் அப்படித்தான் செய்கிறார்கள். நான் யாருக்கும் அதைச் சொல்ல மாட்டேன். இங்கே ஒவ்வொரு இடத்துக்கும் ஒரு நேரம் உண்டு. பாடார் குன்றுக்கு விடியற்காலை, உடும்புக்கு வெயில் ஏறுவதற்கு முன், வௌவால் தீவுக்கு அந்தி, மாண்டா திருக்கைக்கு நீரோட்டம் சொல்லும் நேரம். அந்தந்த நேரத்தில் அங்கே இருக்க வேண்டுமென்றால் கடலிலேயே தூங்கி எழ வேண்டும். மெதுவாகப் போகும் மரப்படகில் இரண்டு இரவு, மூன்று பகல் என்பது முதல்முறை போகிறவர்களுக்குச் சரியான அளவு.

படி 1: மாதத்தைத் தேர்ந்தெடுங்கள்

ஏப்ரல் முதல் நவம்பர் வரை மழை குறைவு. ஏப்ரல் முதல் ஜூன் வரை போனால் குன்றுகளில் பச்சை மிச்சம் இருக்கும், கடலும் பொதுவாக அடங்கியிருக்கும், கூட்டமும் ஜூலை, ஆகஸ்ட் அளவுக்கு இருக்காது. ஜூலைக்கு மேல் புல் காய்ந்து குன்றெல்லாம் வைக்கோல் நிறமாகிவிடும். அதுவும் ஓர் அழகுதான், ஆனால் அந்த மாதங்களில் தென்கிழக்குக் காற்று வீசும், விலையும் ஏறும், போதாததற்கு உடும்புகள் இணைசேரும் காலம் என்பதால் பல காட்டுக்குள் போய்விடும்.

ஜனவரி, பிப்ரவரி வேண்டாம். மேற்குக் காற்றில் அலை எழும்பினால் துறைமுக அதிகாரிகள் படகுகளை வெளியே விடவே மாட்டார்கள். பணம் கட்டிவிட்டு அறைக்குள் உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

படி 2: லபுவான் பாஜோ போய்ச் சேருங்கள்

பாலியிலிருந்தோ ஜகார்த்தாவிலிருந்தோ உள்நாட்டு விமானம். பாலியிலிருந்து ஏறக்குறைய ஒரு மணி நேரம்தான். இந்திய பாஸ்போர்ட் வைத்திருப்பவர்கள் இந்தோனேசியாவில் இறங்கியதும் விசா வாங்கலாம், இணையத்தில் முன்கூட்டியே எடுத்து வைத்துக்கொண்டால் வரிசையில் நிற்க வேண்டாம். 30 நாளுக்கு 5,00,000 ரூபியா. பாஸ்போர்ட் இன்னும் ஆறு மாதமாவது செல்லுபடியாக இருக்க வேண்டும். அங்கே கடிகாரம் நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் ஓடும்.

லொம்போக் தீவிலிருந்து கிளம்பி நாலு நாள் கடலிலேயே லபுவான் பாஜோ வரை கொண்டுவந்து விடும் படகுகளும் உண்டு. விலை மலிவாகத் தெரியும். இரவெல்லாம் திறந்த கடலில் ஓடும் பயணம் அது, முதல் தடவையே அதில் ஏறாதீர்கள்.

படி 3: படகைத் தேர்ந்தெடுங்கள் (இதில்தான் நேரம் செலவழிக்க வேண்டும்)

விளம்பரத்தில் எல்லாப் படகையும் பினிசி என்றுதான் சொல்வார்கள். அசல் பினிசி என்பது இரண்டு பாய்மரம், ஏழெட்டுப் பாய்கள் கொண்ட தெற்கு சுலவேசி மரக்கலம். புலுகும்பா பகுதியில் கொஞ்சோ இனத்துத் தச்சர்கள் கடற்கரை மணலிலேயே கட்டுகிறார்கள். நாம் நினைப்பதற்கு நேர்மாறாக, முதலில் வெளிப்பலகைகளை ஒன்றோடொன்று மர ஆணியால் இணைத்து உடலை எழுப்பிவிட்டு, அப்புறம்தான் உள்ளே விலாச்சட்டங்களைப் பொருத்துவார்கள். 2017-ல் இந்தக் கலையை யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் சேர்த்தது. இப்போது ஓடுவதெல்லாம் டீசல் எஞ்சினில்தான். பாய் விரிப்பது பெரும்பாலும் போட்டோவுக்கு, அல்லது காற்று ஒத்துழைத்தால் கொஞ்சம் எஞ்சினுக்கு ஓய்வு கொடுக்க. அதில் ஏமாற்றப்பட வேண்டாம்.

பெரிய பினிசிக்குச் செலவு அதிகம். நடுத்தரக் குடும்பத்துக்குத் தோதானது சின்ன மரப்படகு. இதில் இரண்டு வகை. ஒன்று, மேல்தட்டில் வரிசையாக மெத்தை போட்டு எல்லோரும் படுப்பது. மலிவு, காற்றோட்டம், கண்ணைத் திறந்தால் நட்சத்திரம், ஆனால் விடியற்காலையில் போர்வை ஈரமாகிவிடும், பக்கத்தில் குறட்டை விடுகிறவர் யார் என்பதும் நம் கையில் இல்லை. இன்னொன்று, கேபின். குழந்தைகளோடும் பெரியவர்களோடும் போகிறவர்கள் கேபினே எடுங்கள். எஞ்சினுக்கு நேர் மேலே இருக்கும் கேபின் வேண்டாம் என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். சூடும் டீசல் வாடையும் தூங்க விடாது.

தனித்தனியாக வருகிறவர்களைச் சேர்த்து அழைத்துப் போகும் பகிர்வுப் பயணமும் உண்டு, முழுப் படகையும் வாடகைக்கு எடுப்பதும் உண்டு. ஆறேழு பேர் சேர்ந்தால் முழுப் படகையும் கேட்டுப் பாருங்கள். விலை வித்தியாசத்தைவிட, எப்போது எங்கே போவது என்று நாமே பேசி முடிவு செய்யலாம் என்பதுதான் பெரிய லாபம்.

கூட்டமில்லாத மாதமென்றால் இணையத்தில் முழுப் பணத்தையும் கட்டாதீர்கள். லபுவான் பாஜோவின் பிரதான சாலையில் ஏஜென்ட் கடைகள் வரிசையாக இருக்கின்றன. ஒரு நாள் முன்னாடியே போய், துறைமுகத்தில் படகையே காட்டச் சொல்லுங்கள். ஏறியதும் இதையெல்லாம் பாருங்கள், கேளுங்கள்:

- லைஃப் ஜாக்கெட் எத்தனை, எங்கே இருக்கிறது? எடுத்துப் போட்டுப் பாருங்கள், வார் அறுந்திருக்கிறதா என்று. குழந்தை அளவு தனியாக வேண்டும்.
- இரவில் நங்கூரம் போட்டு நிற்பீர்களா, ஓடிக்கொண்டே இருப்பீர்களா? நிற்கும் படகுதான் வேண்டும்.
- ரேடியோ, தீயணைப்பான், கரைக்கு இறக்கிவிட ஒரு சின்னப் படகு இருக்கிறதா?
- துறைமுகத்தில் கொடுக்கும் பயணிகள் பட்டியலில் என் பெயர் இருக்குமா? இதற்குத்தான் பாஸ்போர்ட் நகல் கேட்பார்கள். கேட்கவே இல்லையென்றால் அந்தப் படகு வேண்டாம்.
- பூங்காக் கட்டணம், வழிகாட்டிக் கட்டணம், ஸ்நார்கெல் (மூச்சுக்குழாய் மாட்டி, முகத்தைத் தண்ணீரில் வைத்து மிதப்பது) சாமான் எல்லாம் சேர்த்தா, தனியா?

கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். கட்டணம் அடிக்கடி மாறுகிறது. 2022-ல் ஒரே அடியாக 37.5 லட்சம் ரூபியாவாக உயர்த்தப் போவதாக அறிவித்தார்கள், உள்ளூரில் சுற்றுலாவை நம்பிப் பிழைப்பவர்கள் வேலைநிறுத்தம் வரை போனார்கள், அந்த உயர்வு கைவிடப்பட்டது. ஆகவே பழைய பதிவுகளில் பார்த்த தொகையை நம்பிக் கணக்குப் போட வேண்டாம்.

இந்தக் கேள்விகளைக் கேட்கச் சங்கடப்படாதீர்கள். இந்தக் கடலில் சுற்றுலாப் படகுகள் மூழ்கி உயிர்கள் போயிருக்கின்றன. நல்ல படகுக்காரர் நீங்கள் கேட்பதற்கு முன்பே காட்டிவிடுவார்.

படி 4: தீவுகளின் எண்ணிக்கையைப் பார்க்காதீர்கள், நேரத்தைப் பாருங்கள்

ஏஜென்ட் நீட்டும் தாளில் பத்துத் தீவு இருக்கும். அதை ஓரமாக வைத்துவிட்டு, 'எத்தனை மணிக்கு எங்கே?' என்று மட்டும் கேளுங்கள். நான் போடும் வரிசை ஏறக்குறைய இப்படி:

முதல் நாள் பகலில் கெலோர் மாதிரி பக்கத்துத் தீவு ஒன்றில் இறங்கி ஸ்நார்கெல் பழகுங்கள். அந்திக்குள் காலோங் தீவுக்கு முன்னால் நங்கூரம் போட்டுவிட வேண்டும். அது அலையாத்தி மரங்கள் அடர்ந்த தீவு, பகலெல்லாம் பழந்தின்னி வௌவால்கள் அதில் தலைகீழாகத் தொங்கும். சூரியன் மறைந்த கொஞ்ச நேரத்தில் ஒன்று கிளம்பும், பின்னால் நாலைந்து, பிறகு வானமே நிறைந்து இரை தேடிப் பெரிய தீவுப் பக்கம் போகும். நீங்கள் மேல்தட்டில் சும்மா படுத்துக்கொண்டு பார்த்தால் போதும். ஒரு நாள் பயணக்காரர்கள் அந்த நேரத்தில் ஊருக்குத் திரும்பியிருப்பார்கள்.

இரண்டாம் நாள் விடிவதற்கு முன் பாடார். சூரியன் இங்கே ஆண்டு முழுக்க ஏறக்குறைய ஆறு மணிக்கு உதிக்கும், அதனால் அனுமதிக்கிற நேரத்துக்கு முதல் ஆளாகக் கரையில் நில்லுங்கள். அரை மணி நேரம் படியேற்றம், நிழல் என்பதே கிடையாது. உச்சியிலிருந்து பார்த்தால் மூன்று வளைகுடாக்கள் மூன்று பக்கம் வளைந்து கிடக்கும். எட்டு மணிக்கு மேல் ஸ்பீட் போட்டுகள் வந்துவிடும், போட்டோ எடுக்கும் இடத்தில் வரிசை நிற்கும், வெயிலும் மண்டையைப் பிளக்கும்.

அங்கிருந்து நேராக உடும்பு பார்க்கும் இடத்துக்கு: கொமோடோவில் லோ லியாங், அல்லது ரிஞ்சாவில் லோ புவாயா. அப்புறம் இளஞ்சிவப்புக் கடற்கரை. ஃபோராமினிஃபெரா என்ற நுண்ணுயிர்களின் சிவப்பு ஓடுகள் நொறுங்கி வெள்ளை மணலில் கலந்ததால் வந்த நிறம் அது. போட்டோவில் பார்த்த அளவுக்குச் சிவப்பை எதிர்பார்க்காதீர்கள், அலை நனைத்துவிட்டுப் போகும் விளிம்பில்தான் நன்றாகத் தெரியும். மணலை அள்ளிப் பையில் போடக்கூடாது.

மாண்டா இருக்கும் காராங் மகாசார் பகுதிக்கு மட்டும் நேரத்தைப் படகோட்டியிடம் விட்டுவிடுங்கள். மூன்றாம் நாள் காலையைக் காலியாக வைத்துக்கொண்டு, நீரோட்டம் பார்த்து அவர் சொல்கிற நேரத்துக்குப் போவது நல்லது.

படி 5: பை கட்டுங்கள்

சக்கரம் வைத்த பெட்டி வேண்டாம், படகில் அதை வைக்க இடமில்லை. துணிப்பை ஒன்று, தண்ணீர் புகாத சின்னப் பை ஒன்று. முழுக்கை நீச்சல் சட்டை, தொப்பி, கழன்று போகாத ரப்பர் செருப்பு (கரையில் முழங்கால் தண்ணீரில்தான் இறங்க வேண்டியிருக்கும்), தலையில் மாட்டும் டார்ச், பவர் பேங்க். பல படகுகளில் ஜெனரேட்டர் ஓடும்போதுதான் போன் சார்ஜ் ஆகும். அங்கே பிளக் இரண்டு உருண்டை முனை. குடிநீர் பாட்டில் ஒன்று கொண்டுபோனால் படகில் இருக்கும் கேனில் நிரப்பிக்கொள்ளலாம். பணமாக ரூபியா கொஞ்சம் கையில் இருக்கட்டும், தீவுகளில் ஏ.டி.எம். கிடையாது.

குமட்டல் வரும் உடம்பென்றால் டாக்டரிடம் கேட்டு மாத்திரை வாங்கி, படகு கிளம்புவதற்கு ஒரு மணி நேரம் முன்பே போட்டுவிடுங்கள். வாந்தி வந்த பிறகு போட்டுப் பயனில்லை. படகின் நடுப்பகுதியில் உட்கார்ந்து தொடுவானத்தைப் பாருங்கள், போனைப் பார்க்காதீர்கள்.

சைவக்காரர்களுக்கு ஒரு வார்த்தை: சோறு, டெம்பே (புளிக்கவைத்த சோயாக் கட்டி), டோஃபு, பொரித்த வாழைப்பழம் எல்லாம் கிடைக்கும், பட்டினி கிடக்க மாட்டீர்கள். ஆனால் சம்பலில் பெரும்பாலும் இறால் விழுது இருக்கும். முன்பதிவிலேயே சொல்லிவிட்டு, ஏறியதும் சமையல்காரரிடம் இன்னொரு தடவை சொல்லுங்கள்.

படி 6: படகில் இருக்கப் பழகுங்கள்

ஏறும்போதே செருப்பைக் கழற்றிக் கூடையில் போடச் சொல்வார்கள், நமக்கு அது புதிதில்லை. நல்ல தண்ணீர் தொட்டி சின்னது, குளியல் என்றால் ஒரு வாளி அளவுதான் என்று வைத்துக்கொள்ளுங்கள். கழிவறையில் பேப்பர் போடக்கூடாது. இரவில் மேல்தட்டிலிருந்து கீழே இறங்கும்போது ஒரு கை எப்போதும் கம்பியில் இருக்கட்டும், ஏணி செங்குத்தாக இருக்கும், படி ஈரமாக இருக்கும்.

படி 7: உடும்புக் காட்டில் நடப்பது

கொமோடோ உடும்பு மூன்று மீட்டர் வரை வளரும், நம்மூர் உடும்பின் பங்காளிதான், ஆனால் மான், எருமையை அடித்துச் சாப்பிடுகிற பங்காளி. கடியில் நஞ்சும் உண்டு. வனக்காவலர் கையில் கவட்டைக் கம்போடு கூட வருவார், அவரில்லாமல் நடக்க அனுமதி இல்லை. கூட்டத்தை விட்டு விலகாதீர்கள், குனிந்து உட்கார்ந்து போட்டோ எடுக்காதீர்கள், குழந்தையின் கையை விடாதீர்கள். உடம்பில் ரத்தம் வரும் காயம் இருந்தாலோ மாதவிடாய் நாளாக இருந்தாலோ காவலரிடம் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும், அதற்கேற்ப அவர் பக்கத்திலேயே இருப்பார்.

காலையில் போகச் சொல்வது ஏனென்றால், வெயில் ஏறிய பிறகு அது நிழலில் மரக்கட்டை போலக் கிடக்கும், அசையவே அசையாது. காலையில் நடக்கும். தலையை இரண்டு பக்கமும் ஆட்டி ஆட்டி, மஞ்சள் நிறப் பிளவு நாக்கை நீட்டி நீட்டி இழுத்து, காற்றில் வரும் வாடையை ருசி பார்த்துக்கொண்டே வரும். நகம் சருகைக் கீறும் சத்தம் கேட்கும். அசையாமல் கிடப்பதை நம்பிக் கிட்டே போகவும் வேண்டாம், குறுகிய தூரத்துக்கு மனிதன் ஓடும் வேகத்தில் ஓடக்கூடியது.

படி 8: நீரோட்டத்தில் இறங்குவது

பசிபிக்கிலிருந்து இந்தியப் பெருங்கடலுக்குப் போகும் தண்ணீர் இந்தத் தீவுகளுக்கு இடையே பிதுங்கிக்கொண்டு போகிறது. நீரோட்டம் பலமாக இருப்பது அதனால்தான், மிதவை உயிர்கள் குவிந்து மாண்டா வருவதும் அதனால்தான். எனவே இங்கே நீந்துவதைவிட மிதப்பதுதான் வேலை. சின்னப் படகு உங்களை நீரோட்டத்தின் மேல்பக்கத்தில் இறக்கிவிடும், நீங்கள் முகத்தைத் தண்ணீரில் வைத்துக்கொண்டு அது இழுக்கிற பக்கம் போங்கள், படகு கீழ்ப்பக்கத்தில் வந்து எடுத்துக்கொள்ளும். எதிர்த்து நீந்தினால் பத்து நிமிடத்தில் மூச்சு வாங்கிவிடும். தளர்ந்துவிட்டால் கையை உயர்த்துங்கள். நீச்சல் தெரிந்தாலும் லைஃப் ஜாக்கெட் போட்டே இறங்குங்கள், பவளத்தின் மேல் காலை ஊன்றாதீர்கள்.

மாண்டா முதலில் கீழே ஒரு கறுத்த நிழலாகத்தான் தெரியும். அப்புறம் வாயை அகலத் திறந்து மேலே வந்து, அப்படியே பின்புறமாகக் குட்டிக்கரணம் போடும், வெள்ளை வயிறு பளிச்சென்று தெரியும், மறுபடியும் அதே இடத்தில் இன்னொரு கரணம். அது சாப்பிடும் விதம் அது. வாலில் கொட்டும் முள் கிடையாது, பயப்பட வேண்டாம். துரத்தாதீர்கள், தொடாதீர்கள். அசையாமல் மிதந்தால் அதுவே சுற்றி வரும், துரத்தினால் இரண்டு சிறகடிப்பில் மறைந்துவிடும்.

படி 9: திரும்பும் நாள்

படகு கரைக்கு வரும் அதே நாளில் விமான டிக்கெட் போடாதீர்கள். காற்று மாறினால் படகோட்டி ஏதாவது ஒரு தீவின் மறைவில் ஒதுங்கி நிற்பார், அவரை அவசரப்படுத்தும் நிலையில் நீங்கள் இருக்கக் கூடாது. மறுநாள் மதிய விமானம் எடுங்கள். ஊழியர்களுக்கு ஏதாவது கொடுக்க நினைத்தால் ஏஜென்ட் கையில் தராமல், இறங்கும்போது படகிலேயே எல்லோர் முன்னிலும் தலைமைப் படகோட்டியிடம் கொடுங்கள், சமையல்காரர் வரைக்கும் போய்ச் சேரும்.