பசுமை ஹைட்ரஜன்: வெயிலை மட்டும் நம்பிப் போடும் கணக்கு

வெயிலும் காற்றும் தரும் மின்சாரத்தால் தண்ணீரைப் பிரித்து எடுப்பதே பசுமை ஹைட்ரஜன். தூத்துக்குடியில் வெயிலுக்கும் காற்றுக்கும் பஞ்சமில்லை. 2023 ஜனவரியில் 19,744 கோடி ரூபாய் ஒதுக்கீட்டுடன் ஒப்புதல் பெற்ற தேசியப் பசுமை ஹைட்ரஜன் இயக்கத்தின்கீழ், காண்ட்லா, பாரதீப் துறைமுகங்களோடு வ.உ.சிதம்பரனார் துறைமுகமும் ஹைட்ரஜன் மையமாகத் தேர்வானதற்கு அதுவே முதற்காரணம். நமீபியாவின் லூடெரிட்ஸ் கரையிலும் சவூதி அரேபியாவின் நியோமிலும் இதே நம்பிக்கையில்தான் திட்டங்கள் எழுந்தன. வெயில் இலவசம், ஆகவே ஹைட்ரஜனும் மலிவாகக் கிடைக்கும் என்ற எண்ணமே இத்தகைய இடங்களில் நேரும் பெரும்பாலான தவறுகளுக்கு வேராக இருக்கிறது.

தண்ணீரை மின்சாரத்தால் பிரித்து ஒரு கிலோ ஹைட்ரஜன் எடுக்க 50 முதல் 55 யூனிட் வரை மின்சாரம் வேண்டும். ஆண்டுக்கு 8,760 மணி நேரம் இருந்தாலும், ஒரு சூரிய மின் நிலையம் தருவது ஏறத்தாழ 1,800 மணி நேர முழுத்திறன் உற்பத்திக்கு ஈடான மின்சாரத்தையே. அதை மட்டும் நம்பி நிறுவப்படும் எலக்ட்ரோலைசர் (தண்ணீரைப் பிரிக்கும் கருவி), பெருங்கடன் வாங்கிப் பொருத்தப்பட்ட பிறகும், முக்கால்வாசி நேரம் சும்மா நிற்கும். அதையடுத்து, ஹைட்ரஜனை அம்மோனியாவாக மாற்றும் ஆலையோ, காலையில் தொடங்கி மாலையில் நிறுத்தக்கூடிய இயந்திரமல்ல. சீரான வெப்பமும் அழுத்தமும் இல்லாமல் அது இயங்காது. ஆகவே காற்றாலையையும் சேமிப்பையும் தொடக்கத்திலேயே திட்டத்தில் சேர்க்க வேண்டும். இங்கும் ஆண்டுச் சராசரியை நம்புவது தவறு. ஆடியில் அம்மியைப் பறக்கவிடும் காற்று மாசியில் வீசாது. மாசி வெயிலோ இரவில் உதவாது. ஓராண்டு முழுவதற்கும் மணிவாரியான தரவைக் கையில் வைத்துக்கொண்டுதான் எலக்ட்ரோலைசரின் அளவை முடிவு செய்ய வேண்டும்.

இந்த இடைவெளியை மின்வாரியத்தின் மின்சாரத்தைக் கொண்டு நிரப்பிவிடலாம் என்று நினைப்பது இன்னும் பெரிய தவறு. இந்திய மின்தொகுப்பில் ஒரு யூனிட்டுக்குச் சராசரியாக 0.7 கிலோ அளவில் கார்பன் டை ஆக்சைடு வெளியாகிறது. அந்த மின்சாரத்தால் ஒரு கிலோ ஹைட்ரஜன் எடுத்தால் 35 கிலோவுக்கும் மேல் உமிழ்வு சேரும். இயற்கை எரிவாயுவிலிருந்து நேரடியாக எடுக்கும் பழைய முறையில்கூட அது 10 கிலோவை ஒட்டியே இருக்கும். பசுமை என்று அழைக்கப்பட, மத்திய அரசு 2023-இல் வகுத்த வரம்பு வெறும் 2 கிலோ.

அடுத்தது, வாங்குபவரை உறுதி செய்யாமல் ஏற்றுமதியை நம்பிக் கட்டத் தொடங்குவது. ஹைட்ரஜனைத் திரவமாக்க மைனஸ் 253 டிகிரிக்குக் குளிர்விக்க வேண்டும். மைனஸ் 33 டிகிரியிலேயே திரவமாகும் அம்மோனியாவாக மாற்றினால்தான் கப்பலில் அனுப்புவது எளிது. லூடெரிட்ஸில் ஹைஃபன் நிறுவனத்திடமிருந்து ஆண்டுக்கு 3 லட்சம் டன் அம்மோனியா வாங்குவதாக ஜெர்மனியின் எரிசக்தி நிறுவனமான ஆர்.டபிள்யூ.இ. 2022-இல் புரிந்துணர்வு ஒப்பந்தம் செய்துகொண்டது, 2025-இல் விலகிக்கொண்டது. புரிந்துணர்வு ஒப்பந்தம் யாரையும் கட்டுப்படுத்தாது என்பது தெரிந்ததே, ஆனாலும் அதன் தொகையை முதலீடாகவே அறிவித்துவிடும் வழக்கம் நம்மிடமும் உண்டு.

உள்ளூரில் யாருக்கு இது இப்போதே தேவை என்று பார்ப்பதே நல்ல தொடக்கம். 2025-இல் இந்திய சூரிய ஆற்றல் கழகம் நடத்திய ஏலத்தில் பசுமை அம்மோனியா கிலோ 55.75 ரூபாய்க்கு உர ஆலைக்கென முடிவானது. இதிலும் ஒரு நுணுக்கம் இருக்கிறது. யூரியா தயாரிக்க அம்மோனியாவோடு கார்பன் டை ஆக்சைடும் வேண்டும். எரிவாயுவிலிருந்து ஹைட்ரஜன் எடுக்கும்போது அது உடன்விளைவாகவே கிடைத்துவிடுகிறது. பசுமை அம்மோனியாவுக்கு மாறினால் அதை வேறெங்கிருந்தாவது கொண்டுவர வேண்டும். டிஏபி (டைஅம்மோனியம் பாஸ்பேட்), கூட்டு உர ஆலைகளுக்கு இந்தச் சிக்கல் இல்லை. தூத்துக்குடியில் இரண்டு வகை ஆலைகளும் இருப்பதால், எதை முதலில் அணுகுவது என்பதில் தடுமாற வேண்டியதில்லை. கார்களுக்கும் சமையலறைக்கும் ஹைட்ரஜன் என்ற பேச்சைத் தள்ளிவைக்கலாம். மின்சாரத்தை நேரடியாகப் பயன்படுத்த முடிகிற இடத்தில் ஹைட்ரஜன் வீண் சுற்று.

வட்டியைக் குறைத்து மதிப்பிடுவதும் வழக்கமான பிழை. இருபதாண்டுக் கடனில் 100 ரூபாய் முதலீட்டுக்கு 5 சதவீத வட்டியில் ஆண்டுக்கு 8 ரூபாய் கட்டினால் போதும். 12 சதவீதமானால் 13 ரூபாய்க்கு மேல் கட்ட வேண்டும். செலவின் பெரும்பகுதி முதலீடாகவே இருக்கும் இத்தொழிலில், வெயில் தரும் ஆதாயத்தை வட்டியே விழுங்கிவிடக்கூடும்.

தண்ணீர் விஷயத்தில் தவறு வேறு விதமானது. ஒரு கிலோ ஹைட்ரஜனுக்கு வேதியியல் கணக்கில் 9 லிட்டர் போதும். சுத்திகரிப்பு, குளிர்விப்பு எல்லாம் சேர்ந்தால் அது 30 லிட்டரை எட்டலாம். கடல்நீரிலிருந்து ஆயிரம் லிட்டர் நன்னீர் எடுக்க 3 முதல் 4 யூனிட் மின்சாரமே ஆகும் என்பதால், ஹைட்ரஜனின் விலையில் அது மிகச் சிறிய பங்கு. ஆகவே ஸ்ரீவைகுண்டம் அணையிலிருந்து தாமிரபரணி நீரைக் கேட்பதற்கு எந்த நியாயமும் இல்லை. அது வயலுக்கும் குடிநீருக்கும் உரியது. ஆனால் ஆண்டுக்கு ஒரு லட்சம் டன் ஹைட்ரஜன் தரும் ஆலையின் கடல்நீர்ச் சுத்திகரிப்பு நிலையத்திலிருந்து நாளொன்றுக்கு ஒரு கோடி லிட்டர் அளவில் செறிந்த உப்புநீர் வெளியேறும், அது போய்ச் சேரும் இடமோ 21 தீவுகளும் பவளப்பாறைகளும் கொண்ட மன்னார் வளைகுடா. கழிவுக் குழாயை எவ்வளவு தூரம், எந்த நீரோட்டத்தில், எவ்வளவு நீர்த்தபின் விடுவது என்பதை, ஆலைக்கு இடம் ஒதுக்குவதற்கு முன்பே அக்கரையில் மீன்பிடிப்பவர்களோடு அமர்ந்து பேசித் தீர்மானிக்க வேண்டும்.