ஸ்பிட்ஃபயரில் பெட்ரோல் மீட்டர் தப்பாகக் காட்டினால்

டிரையம்ஃப் ஸ்பிட்ஃபயர் என்ற பழைய பிரிட்டிஷ் ஸ்போர்ட்ஸ் காரில் பெட்ரோல் மீட்டரோ டெம்பரேச்சர் மீட்டரோ தப்பாகக் காட்டினால், பலரும் முதல் வேலையாக மீட்டரைக் கழற்றிப் பிரிக்கிறார்கள். அது கடைசியாகச் செய்ய வேண்டிய வேலை. பழுது பெரும்பாலும் மீட்டருக்கு வெளியேதான் இருக்கும்: ஸ்டெபிலைசர் (மீட்டருக்குப் போகும் வோல்டேஜைக் கட்டுப்படுத்தும் பெட்டி), எர்த் (வண்டியின் பாடியோடு சேரும் இணைப்பு), டேங்க் யூனிட் (டேங்குக்குள் மிதவையோடு பெட்ரோல் அளவைச் சொல்லும் கருவி) இந்த மூன்றில் ஒன்று.

முதலில் உங்கள் வண்டியில் இருப்பது எந்த வகை மீட்டர் என்று பாருங்கள். சாவியைத் திருப்பியதும் முள் சோம்பேறித்தனமாக, பல விநாடி எடுத்துக்கொண்டு ஏறினால் அது பைமெட்டல் மீட்டர். இந்தக் குறிப்பு அதற்குத்தான். முள் சட்டென்று பாய்ந்து, வளைவில் திரும்பும்போது ஆடினால் அது பழைய காந்த வகை. அதற்கு ஸ்டெபிலைசரே கிடையாது. சோதனை முடிவுகளும் தலைகீழாக வரும். சென்னையில் தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டும் ஸ்பிட்ஃபயரின் உறவுக்கார வண்டிதான் என்றாலும், அதிலும் முள்ளைப் பார்த்தே முடிவுசெய்யுங்கள். இத்தனை வருடத்தில் யார் எதை மாற்றினார்களோ!

பைமெட்டல் மீட்டருக்குள் ஒரு இரட்டை உலோகப் பட்டையைச் சுற்றி மெல்லிய கம்பி இருக்கும். மின்சாரம் பாய்ந்தால் கம்பி சூடாகும், பட்டை வளையும், முள் நகரும். பேட்டரி வோல்டேஜ் ஏறி இறங்கினால் முள்ளும் கூடவே ஏறி இறங்கும் என்பதால், நடுவில் இரண்டு மீட்டருக்கும் பொதுவாக ஒரு 10 வோல்ட் ஸ்டெபிலைசர் வைத்திருக்கிறார்கள். அது சீரான 10 வோல்ட் தருவதில்லை. உள்ளே இருக்கும் இன்னொரு பைமெட்டல் 12 வோல்ட்டை விட்டு விட்டுத் தருகிறது. சராசரி 10 ஆகிறது. மீட்டர் மெதுவானது என்பதால் இந்தத் துடிப்பு முள்ளில் தெரியாது.

இதிலிருந்தே பாதிப் பழுதைக் கண்டுபிடித்துவிடலாம். இரண்டு மீட்டரும் கூடுதலாகக் காட்டினால் ஸ்டெபிலைசரின் எர்த் விட்டுப்போயிருக்கும், அல்லது அதன் பாயின்ட் ஒட்டிக்கொண்டிருக்கும். இரண்டுமே அசையாவிட்டால் பியூஸையும் ஸ்டெபிலைசருக்கு வரும் பச்சை ஒயரையும் பாருங்கள். ஒன்று மட்டும் கெட்டிருந்தால் ஸ்டெபிலைசரை விட்டுவிட்டு அந்த மீட்டரின் வழியைப் பிடியுங்கள்.

ஸ்டெபிலைசர் என்பது டேஷ்போர்டுக்குப் பின்னால், பெரும்பாலும் ஸ்பீடோமீட்டரின் முதுகில், ஒரே திருகில் நிற்கும் சின்னத் தகரப் பெட்டி. அந்தத் திருகுதான் அதன் எர்த். ஸ்டெபிலைசர் வாங்குவதற்கு முன் திருகைக் கழற்றி, அது உட்காரும் இடத்தை உப்புத்தாளால் பளபளவென்று தேய்த்து இறுக்குங்கள். முடிந்தால் பெட்டியிலிருந்து பாடிக்குத் தனியாக ஒரு கறுப்பு ஒயர் போடுங்கள். செலவே இல்லாமல் பல வண்டிகளில் இதோடு வேலை முடிந்துவிடும். பழைய வகை ஸ்டெபிலைசரில் மேல்பக்கம் என்று குறித்திருப்பது மேலேதான் இருக்க வேண்டும். படுக்க வைத்தால் அளவு மாறும்.

சோதிக்க டிஜிட்டல் மல்டிமீட்டர் உதவாது, எண்கள் குதித்துக்கொண்டே இருக்கும். மீட்டர்களின் இணைப்பு அப்படியே இருக்க, 12 வோல்ட் டெஸ்ட் லாம்ப்பின் ஒரு முனையை ஸ்டெபிலைசர் வெளியீட்டிலும் மறுமுனையை எர்த்திலும் வையுங்கள். சில விநாடி நின்று எரிந்து, பிறகு விட்டு விட்டு எரிந்தால் நல்லது. விடாமல் எரிந்துகொண்டே இருந்தால் போயிற்று.

மாற்றுவதானால் எலக்ட்ரானிக் வகையே மேல். நீங்களே செய்யலாம்: பழைய பெட்டியின் மடிப்பை நிமிர்த்தி, உள்ளே இருப்பதை எடுத்துவிட்டு, சீராக 10 வோல்ட் தரும் 7810 ரெகுலேட்டர் சிப்பை வையுங்கள். அதன் உலோக முதுகே எர்த் என்பதால் தகரத்தில் நேராகத் திருகி இறுக்கலாம். சூடும் அதன் வழியே இறங்கும். உள்ளீட்டில் 0.33, வெளியீட்டில் 0.1 மைக்ரோஃபாரட் கெபாசிட்டர் போடுங்கள். இரண்டு மீட்டரும் சேர்ந்து கால் ஆம்பியர் அளவுதான் இழுக்கும், ஆகவே தாங்கும். ஒரு குறை: 10 வோல்ட் தர அதற்கு 12 வோல்ட்டாவது வேண்டும். ஐட்லிங்கில் விளக்குகள் எரியும்போது முள் சரிந்தால் அதற்குப் பதில் 10 வோல்ட் எல்எம்2940 ரெகுலேட்டர் போடுங்கள், அதற்கு வெளியீட்டில் 22 மைக்ரோஃபாரட் தேவை. இரண்டுமே நெகட்டிவ் எர்த் வண்டிக்கு, அதாவது பேட்டரியின் நெகட்டிவ் முனை பாடியோடு இணைந்த வண்டிக்கு மட்டும். மார்க் 3-க்கு முந்தைய ஸ்பிட்ஃபயர் பாசிட்டிவ் எர்த். அதில் இதைப் போட்டால் கருகிவிடும்.

பெட்ரோல் மீட்டர் மட்டும் கெட்டிருந்தால், டேங்க் பக்கம் போகாமல் மீட்டர் பக்கத்திலேயே பச்சை-கறுப்பு ஒயரைக் கழற்றுங்கள். பெட்ரோல் ஆவி உள்ள இடத்தில் பொறி பறக்கக் கூடாது. ஒயர் கழன்றிருக்கும்போது முள் காலியில் நிற்க வேண்டும். பிறகு அந்த முனைக்கும் எர்த்துக்கும் நடுவே 22 ஓம்ஸ் ரெசிஸ்டரைக் கொடுத்தால் ஃபுல் பக்கம் ஏற வேண்டும். 68 கொடுத்தால் ஏறக்குறைய பாதி. ரெசிஸ்டர் இல்லாமல் நேராக எர்த்தில் தொடுவது பழைய மெக்கானிக் வழக்கம்தான், ஆனால் உள்ளே இருக்கும் கம்பி அதிகமாகச் சூடாகும். பேட்டரியின் 12 வோல்ட்டை மீட்டருக்கு நேராகக் கொடுக்கவே கூடாது.

மூன்று சோதனையிலும் மீட்டர் தேறினால் குற்றவாளி டேங்க் யூனிட்டோ அதன் ஒயரோ. பேட்டரியைக் கழற்றி, பெட்ரோலை இறக்கிவிட்டு யூனிட்டை எடுங்கள். மிதவை கீழே இருக்கும்போது சுமார் 240 ஓம்ஸும் மேலே சுமார் 20 ஓம்ஸும் வர வேண்டும். கையால் மெதுவாகத் தூக்கும்போது நடுவில் எங்காவது எண் அறுந்தால் அந்த இடத்தில் கம்பிச் சுருள் தேய்ந்திருக்கிறது. மிதவையைக் குலுக்கிப் பாருங்கள். உள்ளே பெட்ரோல் சலசலத்தால் அது மூழ்கிவிடும், மீட்டர் எப்போதும் காலி என்றே காட்டும். திரும்பப் பூட்டும்போது கேஸ்கெட் புதிது போடுங்கள்.

டெம்பரேச்சர் சென்சாரைத் தண்ணீரில் போட்டுச் சூடாக்கினால் ஓம்ஸ் சீராக இறங்க வேண்டும். அது எஞ்சின் வழியாகத்தான் எர்த் ஆகிறது. மரையில் டெஃப்லான் டேப்பை வண்டி வண்டியாகச் சுற்றினால் மீட்டர் குறைவாகவே காட்டும்.

கடைசியில்தான் மீட்டர். இரண்டு டெர்மினலுக்கும் நடுவே 60, 70 ஓம்ஸ் வந்தால் உயிர் இருக்கிறது. ஒன்றுமே வராவிட்டால் கம்பி அறுந்துவிட்டது. உயிர் இருந்தும் அளவு தப்பினால் முதுகில் கார்க் அடைத்த இரண்டு சிறு துளைகளைத் தேடுங்கள். கார்க்கை எடுத்தால் உள்ளே பல் வைத்த தகடு தெரியும். ஒன்று காலிப் பக்கத்துக்கு, மற்றது ஃபுல் பக்கத்துக்கு. மேஜையில் 10 வோல்ட் கொடுத்து, உங்கள் டேங்க் யூனிட்டையே இணைத்து, மிதவையை அடியில் வைத்து முதல் தகட்டை நகர்த்துங்கள். பிறகு உச்சியில் வைத்து அடுத்ததை. ஒன்றைத் தொட்டால் மற்றது கலையும் என்பதால் இரண்டு மூன்று முறை மாறி மாறிச் செய்ய வேண்டியிருக்கும். ஒவ்வொரு முறையும் முள் ஓய ஒரு நிமிடம் பொறுங்கள். புதிதாகக் கிடைக்கும் டேங்க் யூனிட்டுகள் பல பழைய அளவுக்குப் பொருந்துவதில்லை. மீட்டரை யூனிட்டுக்கு ஏற்றபடி திருத்துவதே வழி. காலிக் கோட்டை மட்டும் கொஞ்சம் முன்கூட்டியே காட்டும்படி விடுங்கள், ரிசர்வ் போல உதவும். கார்க்கைத் திரும்ப அடைக்க மறக்காதீர்கள், தூசி போனால் முள் சிக்கும்.